இருபது கிலோ

அடுப்படியில் ‘தொம்’ என்று சத்தம் கேட்டதும் குணவதி கண்ணைத் திறந்தாள். மணி ஐந்தேகால். அலாரம் வைத்திருந்தது ஐந்தரைக்கு. மிச்சமிருந்த கால் மணி நேரத் தூக்கமும் போயிற்று. கொண்டையை முடிந்துகொண்டே போய்ப் பார்த்தால், தங்கராஜு பனியனும் கைலியுமாக, தரையில் மடித்துப் போட்ட பழைய கால்மிதிக்கு முன்னால் காலை அகட்டி நின்றிருந்தார். கால்மிதி கீழ்வீட்டுச் சீனக் கிழவருக்காக. மனுஷர் போன வாரம்தான் துடைப்பக் கட்டையால் கூரையை இடித்துத் தன் கருத்தைச் சொல்லியிருந்தார். தங்கராஜு முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, அரிசி டிரம்மை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார். இடுப்பு, நெஞ்சு, தோள். அதே வழியில் மெல்லக் கீழே இறக்கினார்.

“பத்து!” என்றார். வாயெல்லாம் பல். “பாத்தியா குணா? மொத நாளு இடுப்புக்கே வரல. மூணே வாரம் லா!”

கையை மடக்கிச் சதையைக் காட்டினார். நாற்பத்தெட்டு வயதில் என்ன கோலம் இது என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. “தெரியுது, தெரியுது. போய்க் குளிங்க. கம்பெனி பஸ் உங்களுக்காக நிக்காது” என்றாள். குளியலறையிலிருந்து பாட்டு கேட்டது. சுருதியும் இல்லை, தாளமும் இல்லை, ஆனாலும் பாட்டு. உள்ளறையில் மகள் சுபாஷினி தலையணையால் காதைப் பொத்திக்கொண்டாள். ஆறு மாதமாக வாயைத் திறக்காத மனுஷர் பாடுகிறார் என்று நினைத்தபோது குணவதிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதே நிறைவோடு டிரம்மின் மூடியைத் திறந்து, மத்தியானச் சோற்றுக்கு அரிசி எடுக்க டின்னை உள்ளே விட்டாள். டின் அடியில் போய் ‘டக்’ என்று இடித்தது.

அவள் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டாள். டிரம்மை ஒரு கையால் சாய்த்துப் பார்த்தாள். சுலபமாகச் சாய்ந்தது. மிஞ்சினால் ஏழு, எட்டு கிலோ இருக்கும்.

நடந்தது இதுதான். மார்ச் மாதம் பாயான் லெப்பாஸில் தங்கராஜு வேலை செய்யும் தொழிற்சாலையின் ஸ்டோரில், ஒரு பெட்டியை அவசரமாகத் தூக்கப்போய் அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. எலும்பில் கோளாறில்லை, தசைதான் என்றார்கள். ஒரு மாதம் படுக்கை. அதன்பிறகு ‘லைட் டூட்டி’ என்று சொல்லிக் காவலர் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். காலை ஏழிலிருந்து இரவு ஏழுவரை, உள்ளே வரும் லோரிகளின் எண்ணை எழுதவேண்டும். இருபத்திரண்டு வருடம் ஸ்டோரில் ராஜாவாக நடமாடியவர். எந்தச் சாமான் எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர். காவலர் வேலை மட்டமில்லை. அதைச் செய்கிறவர்கள் செய்கிறார்கள். ஆனால் இவருக்கு அங்கே உப்புக்குச் சப்பாணியாக உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, டிவி, படுக்கை. கேட்டதற்கு ‘ம்’. சுபாஷினி பள்ளியில் பரிசு வாங்கி வந்தபோதும் ‘ம்’.

திரும்ப ஸ்டோருக்குப் போகவேண்டுமானால் ஒரே வழிதான். கம்பெனி டாக்டர் முன்னால் இருபது கிலோப் பெட்டியைத் தரையிலிருந்து தோள்வரை பத்துத் தடவை தூக்கிக் காட்டவேண்டும். தூக்காவிட்டால் காவலர் அறைதான் நிரந்தரம். தேதியும் கொடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்த பெண் ஒரு தாளில் எல்லாம் எழுதித் தந்திருந்தாள். எட்டு கிலோவில் ஆரம்பிக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றவேண்டும், அவசரப்படக் கூடாது. டத்தோ கிராமாட்டில் அவர்கள் அடுக்குமாடிக்கு எதிரிலேயே ஒரு ஜிம் உண்டு. அது திறக்கும் நேரத்தில் தங்கராஜு வேலையில் இருப்பார். வேலை முடிந்து வரும் நேரத்தில் அவருக்குச் செருப்பைக் கழற்றவே தெம்பிருக்காது. அவருக்கு வாய்த்தது காலை ஐந்தேகால் மணியும் அடுப்படியும்தான். சம்பளத்தன்று குணவதி இரண்டு பத்துக் கிலோ அரிசிப் பையையும் டிரம்மில் கொட்டியதைப் பார்த்தார். கணக்கு சரியாக இருபது. “எட்டு கிலோவாம்! நா என்ன சின்னப் புள்ளையா?” என்று தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு, நேரே டிரம்மில் கையை வைத்தார்.

ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அரிசி சாப்பிடுகிற சாமான். மூன்று பேருக்கு இரண்டு வேளைச் சோறு எங்கிருந்து வருகிறது என்று அந்த மனுஷர் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஒருநாளாவது கேட்டிருந்தால்தானே! தட்டில் இருந்தது, சாப்பிட்டார். கோளாறு குணவதி தலையிலும் உண்டு. தினம் அள்ளுகிறவளுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? தீபாவளி நெருக்கம். மார்க்கெட் ஸ்ட்ரீட் துணிக்கடையில் காலை பத்திலிருந்து நின்ற காலோடு புடவையை விரிப்பதும் மடிப்பதுமாக இருப்பவளுக்கு, வீட்டுக்கு வந்தபின் சொந்தப் பெயரே சில சமயம் மறந்துபோகிறது.

குளித்துவிட்டு வந்தவர் அவள் குந்தியிருப்பதைப் பார்த்து, “என்ன, பசியாற ஒன்னும் இல்லையா?” என்றார். அவள் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். தலையில் ஈரம் சொட்ட, சிரித்த முகமாக நின்றார். சொல்லத்தான் வாயெடுத்தாள். “ரொட்டி இருக்கு. தேத்தண்ணி கலக்குறேன்” என்றுதான் வந்தது.

அன்று கடையில், பட்டுப் புடவைகளை அடுக்கும்போது மஹ்பூபாவிடம் சொன்னாள். அவளைவிட ஆறு வயது இளையவள், பக்கத்து அலமாரிக்காரி. மஹ்பூபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு குணவதியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“சொல்லிருங்கக்கா. அங்க போயி டாக்டர் முன்னால தூக்க முடியாம நின்னா அசிங்கம் இல்லையா?”

“பாட்டு பாடுறாரு மஹ்பூபா. ஆறு மாசத்துக்கு அப்புறம்.”

“பாட்டு பெட்டியத் தூக்குமா?”

குணவதி புடவையை மடித்துக்கொண்டே யோசித்தாள். வழக்கம்போல இரண்டு பை அரிசி வாங்கி மொத்தமாகக் கொட்டிவிட்டால்? நாளைக் காலை அவர் தெம்பாகக் கையைக் கொடுப்பார். போன முதுகு மறுபடி போகும். முதுகு போகாவிட்டால் மனசு போகும். வீட்டுக்கு வந்து குளிர்பெட்டிக் கதவைத் திறந்தபோது அந்தத் தாள் கண்ணில் பட்டது. எட்டு கிலோவில் ஆரம்பி. கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. இன்னும் நாலு வாரம் இருந்தது. குணவதி விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். தினம் அரைக் கிலோ.

அன்றிலிருந்து சோற்றுக்கு அரிசி வேறு பையிலிருந்து வந்தது. அந்தப் பை, அடுப்புக்குக் கீழே இருந்த கேஸ் தோம்புக்குப் பின்னால், துணிக்கடைப் பிளாஸ்டிக் பைக்குள் ஒளிந்திருந்தது. டிரம்மில் கை வைக்கவில்லை. தினம் சாயங்காலம் குயின் ஸ்ட்ரீட் மளிகைக் கடையில் அரிசி வாங்கி, பஸ் பிடித்து வந்து, பழுதாகிக் கிடக்கும் லிஃப்டைத் திட்டிக்கொண்டே நாலு மாடி ஏறுவாள். தங்கராஜு வருவதற்குள் அரைக் கிலோவை டிரம்மில் கொட்டிக் கையால் நிரவிவிடுவாள். கணுக்கால் வீங்கிப்போயிருக்கும். சில நாள் மூன்றாவது மாடிப் படியில் பையை வைத்துவிட்டு, சுவரில் தலையைச் சாய்த்து, யாருக்கு வந்த விதியோ என்று உட்கார்ந்திருப்பாள். யார் கேட்டார்கள் இதை? யாரும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

தங்கராஜு தூக்கினார். வேலைநாள், விடுமுறை நாள் பார்க்காமல் தூக்கினார். முதல் வாரம் பத்து. அடுத்த வாரமும் பத்து. ஆனால் எட்டுக்குப் பிறகு மூச்சு வாங்கியது. மூன்றாவது வாரம் பத்தை எட்ட நடுவில் இரண்டு தடவை நின்றார். ஒரு நாள் ஒன்பதில் இறக்கி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னன்னு தெரியல குணா. அன்னிக்குப் பஞ்சு மாதிரி போச்சு. இப்ப நாளுக்கு நாள் கனக்குது.”

“நேத்து சரியா தூங்கல நீங்க.”

“வயசாயிருச்சு. அதான்.”

பாட்டு நின்றது.  பனியனுக்கு வெளியே அவர் தோள் திரண்டிருப்பது குணவதிக்குத் தெரிகிறது. நடையில் முன்பிருந்த கோணல் போய்விட்டது. அவருக்குத்தான் தெரியவில்லை. அவரிடம் இருந்த ஒரே அளவுகோல் அந்த டிரம். அது இவள் கையில். சொல்லிவிடலாமா என்று தினமும் நினைத்தாள். சொன்னால் அந்த முதல் மூன்று வாரமும் பொய் என்று சொல்லவேண்டும். இன்னும் பத்து நாள்தானே, இன்னும் ஐந்து நாள்தானே, பெட்டியைத் தூக்கிவிட்டு வந்தபிறகு சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டாள். களைப்பில் இருக்கிறவளுக்குத் தள்ளிப்போடுவது சுலபமாக வரும்.

சோதனை நாளன்று காலை அவளை எழுப்பியது அலாரம்தான். ஐந்தரை. சத்தமே இல்லை. அடுப்படியில் விளக்கு எரிந்தது. தங்கராஜு சட்டைப் பொத்தானெல்லாம் போட்டு, குளித்துக் கிளம்பின கோலத்தில், நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டிரம் அதன் மூலையிலேயே இருந்தது.

“தூக்கலையா?”

“எதுக்கு? நேத்து சைன் போட்டுட்டேன்.”

“என்ன சைன்?”

“டெஸ்ட் வேணாம், கார்ட் ரூம்லயே இருக்கேன்னு. ஹைருல் கிட்ட ஃபோம் எழுதிக் குடுத்தாச்சு. இன்னிக்குக் காலையில ஆஃபீஸுக்கு அனுப்பிருவான்.” ஹைருல் அவருடைய சூப்பர்வைசர், வயதில் இளையவன், அவரை ‘அபாங்’ என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுகிறவன். தங்கராஜு அவளைப் பார்க்காமல் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “முந்தாநாளு ஒம்போதுக்கு மேல போகல. அத்தன பேரு முன்னால நின்னு, முடியலன்னு சொல்றதுக்கு இது பரவால்ல. சுடா லா, போதும் குணா. விடு.”

 குணவதி எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நடுவிலிருந்து ஆரம்பித்தாள். கேஸ் தோம்புக்குப் பின்னாலிருந்து பையை இழுத்துக் காட்டினாள். டின் அடியில் இடித்த காலையைச் சொன்னாள், தாளைச் சொன்னாள், தினம் அரைக் கிலோவைச் சொன்னாள். சொல்லச் சொல்லத் தன் காதிலேயே அது பைத்தியக்காரி பேச்சுபோல விழுந்தது. தங்கராஜு டிரம்மைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப அன்னிக்குப் பத்து தூக்குனது?”

“ஏழெட்டு கிலோ இருக்கும்.”

அவர் முகம் சுருங்கியதை அவள் பார்த்தாள். இதைப் பார்க்கவேண்டாம் என்றுதானே நாலு வாரம் மாடியேறினாள்! “சிரிச்சிருப்பீங்க ரெண்டு பேரும்” என்றார்.

“சத்தியமா இல்ல. சுபாவுக்குத் தெரியாது. நா அழுதேங்க.”

“மொதல்ல ஏறுனதும் பொய்யி. அப்புறம் எறங்குனதும் பொய்யி. நா எதத்தான் நம்புறது, சொல்லு?”

தங்கராஜு எழுந்து போய் டிரம்மின் மூடியைத் திறந்தார். கட்டிய காலத்திலிருந்து அவர் அதைத் திறந்து அவள் பார்த்ததில்லை. சட்டைக் கையைக்கூட மடிக்காமல் உள்ளே கையை விட்டார். முழங்கைவரை போயிற்று. அடி தட்டவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் குனிந்து நின்றார்.

“இப்ப எவ்ளோ?”

“இருபத்தொன்னு. கூடவே இருக்கும்.”

“பெட்டி இருபதுதான்” என்றார் தங்கராஜு, டிரம்மைப் பார்த்து.

கையை உதறிக்கொண்டு போனை எடுத்து ஹைருலை அழைத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. பள்ளிவாசலில் சுபுஹு பாங்கு ஒலிக்க ஆரம்பித்திருந்தது. “தொழுகைக்குப் போயிருப்பான்” என்றார். ‘ஃபோம் அனுப்ப வேண்டாம், கூப்பிடு’ என்று மலாயில் ஒரு செய்தி அனுப்பினார். தட்டும்போது விரல் இரண்டு தடவை தப்பியது. போனை மேசையில் வைத்தார். கம்பெனி பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் இருந்தது. குணவதி பசியாற எதுவும் செய்யவில்லை. அடுப்பைப் பற்றவைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. கோபமாகப் போகிறாரா, போகட்டும். திட்டுகிறாரா, திட்டட்டும். நின்றுகொண்டே தூங்கிவிடுவோம் போலிருந்தது அவளுக்கு.

தங்கராஜு மூடியை அழுத்தி மூடினார். டிரம்மை மூலையிலிருந்து இழுத்துக் கால்மிதி மேல் நிறுத்தினார். இஸ்திரி போட்ட சட்டையோடு காலை அகட்டி, முழங்காலை மடக்கினார்.

“எண்ணு” என்றார்.

அவள் எண்ணினாள். ஐந்துவரை குரல் வந்தது. அதற்குமேல் உதடு மட்டும் அசைந்தது. ஏழில் அவர் கழுத்து நரம்பு புடைத்தது. எட்டில் சட்டையின் முதுகு நனைந்து ஒட்டியது. ஒன்பது நெஞ்சில் ஒரு கணம் நின்று, ஏறியது. பத்தாவது தடவை டிரம் தோளுக்கு வந்தபோது மேசைமேல் போன் அடித்தது. ஹைருல்.

அவர் இறக்கவில்லை. இறக்கினால் எங்கே எண்ணிக்கை போய்விடுமோ என்பதுபோல அப்படியே நின்றார். இரண்டு கையும் டிரம்மில். குணவதி ஓடிப்போய்ப் போனை எடுத்தாள். பச்சையை அழுத்தினாள். வீங்கின காலில் எம்பி, அதை அவர் காதோடு சேர்த்துப் பிடித்தாள்.

“ஹலோ, அபாங்?” என்றது போன். “ஹலோ? அபாங் ராஜு?”

தங்கராஜுவுக்கு மூச்சு மட்டும்தான் வந்துகொண்டிருந்தது.