பெரியம்மா காய்ச்சல்

பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டேன். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் டாக்டர் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் கொடுத்திருந்தார். அடுத்த வியாழக்கிழமை என் ஐந்து வயது மகளின் டான்சிலைச் செதுக்கிச் சிறிதாக்கச் சம்மதம். இன்னும் அரை நிமிடம் அவர் சும்மா இருந்திருந்தால் போட்டிருப்பேன்.

ஆனால் அவர் பிள்ளைகளையும் மனிதர்களாக மதிக்கிறவர். நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டிருந்த என் பொடிசைப் பார்த்து, "என்ன மேடம், இந்த ஒரு வருஷத்துல எத்தனை தடவை தொண்டை வலிச்சு காய்ச்சல் வந்துச்சு?" என்று விளையாட்டாகக் கேட்டார்.

பொடிசு விரலை மடக்கப் போனாள், நிறுத்தினாள். "அம்மா காய்ச்சல் மட்டுமா, பெரியம்மா காய்ச்சலையும் சேர்த்தா?"

டாக்டர் சிரித்தார். நானும் சிரித்தேன், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிகிறது.

"அது என்னம்மா ரெண்டு காய்ச்சல்?" என்றார் டாக்டர்.

"அம்மா காய்ச்சல்னா காலண்டர்ல அம்பு ஒட்டுவாங்க. பெரியம்மா காய்ச்சலுக்கு அம்பு கிடையாது. மருந்து குடிச்சிட்டு ஐஸ்கிரீம் சாப்பிடலாம். அம்மாகிட்ட மட்டும் சொல்லக் கூடாது." சொல்லி முடித்த பிறகுதான் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்பு என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நான் சட்டை தைக்கிற ஒரு கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தையல் விட்டுப் போன இடம், கறை, கோணல் காலர், எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். அம்பு இல்லாத சட்டை நல்ல சட்டை, கப்பல் ஏறலாம். பன்னிரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. போன வருஷம் டாக்டர், "ஒவ்வொரு தடவை தொண்டை பழுத்துக் காய்ச்சல் வந்தாலும் குறிச்சு வைங்க, அந்தக் கணக்கை வெச்சுத்தான் முடிவு பண்ணுவோம்" என்றபோது, கம்பெனியிலிருந்து ஒரு பட்டை ஸ்டிக்கர் எடுத்து வந்து சமையலறைக் காலண்டரில் ஒட்ட ஆரம்பித்தேன். வருஷம் முடிந்தபோது மூன்றே மூன்று அம்பு. அக்காவிடம் பெருமையாகக் காட்டினேன். "பரவாயில்லையேடி, பிள்ளை தேறிட்டா" என்றாள் அக்கா, என் கண்ணைப் பார்த்து.

மூன்று அம்பை வைத்துத்தான் டாக்டர் எனக்கு வழிகளைப் பிரித்துச் சொல்லியிருந்தார். ஒன்று, பொறுத்துப் பார்க்கலாம்; பல பிள்ளைகளுக்கு வளர வளரத் தானே அடங்கிவிடும். இரண்டு, டான்சிலை முழுசாக எடுக்காமல் செதுக்கிக் குறைக்கலாம். ராத்திரியில் பிள்ளைக்கு வருகிற குறட்டையும் மூச்சுத் திணறலும் போகும், வலி குறைவு, சீக்கிரம் எழுந்து ஓடலாம். ஆனால் மிச்சம் வைத்தது மறுபடி பழுக்கலாம். மூன்று, முழுசாக எடுத்துவிடலாம். இரண்டு வாரம் வலி, ரத்தம் கசிகிற பயம் கொஞ்சம் கூடுதல். வருஷத்துக்கு ஏழு தடவை பழுக்கிற தொண்டைக்குத்தான் அது. "உங்க பொண்ணுக்கு மூணு தடவைதானே? குறட்டைக்காகச் செதுக்கினா போதும்" என்றார். அதைத் தீர்மானிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. லாரி ஓட்டுகிற என் கணவர் வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில். "நீயும் அக்காவும் பேசி எது சொன்னாலும் சரி" என்றுவிட்டார். நானும் அக்காவும் பேசினோம். அந்த ஒரு மாதமும் என் எதிரில் உட்கார்ந்து, இல்லாத கணக்கை வைத்து எனக்கு ஆலோசனை சொன்னாள் அக்கா.

பேனாவை மூடினேன். "டாக்டர், நான் திங்கக்கிழமை வர்றேன்" என்றேன்.

அக்கா எங்கள் தெருமுனை மருந்துக்கடையில், பிள்ளை பள்ளியில் இருக்கிற நேரம் மட்டும் வேலை செய்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள். காலையில் நான் ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிப்பேன். பிள்ளையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புவதும், மத்தியானம் கூட்டி வந்து நான் திரும்பும்வரை பார்த்துக்கொள்வதும் அவள்தான். என் வீட்டுச் சாவி அவள் பையில் இருக்கும். வேலியே பயிரை மேய்ந்தது என்று எத்தனையோ பேருக்கு நான் சொல்லியிருக்கிறேன். என் தோட்டத்துக்கு அது வருமென்று நினைத்ததில்லை.

பொடிசைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நேராகக் கடைக்குப் போனேன். கண்ணாடி மேசைக்குப் பின்னால் அட்டைப் பெட்டி பிரித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை?" என்றேன்.

எதைக் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள். "அஞ்சு" என்றாள்.

"அஞ்சு தடவை!"

"கத்தாதடி, ஆள் வருது."

ஒரு பெரியவர் இருமல் மருந்து கேட்டார். எடுத்து, உறையில் போட்டு, காலையும் மாலையும் எவ்வளவு என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினாள். அந்தப் பொறுமையைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எப்படி எனக்குத் தெரியாமப் போச்சு? நான் தினம் வந்ததும் நெத்தியைத் தொட்டுப் பார்ப்பேனே?"

"நீ வர்றதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி காய்ச்சல் மருந்து கொடுத்துடுவேன். பஸ் சத்தம் கேட்டதும் ஈரத்துணியால நெத்தியைத் துடைச்சிடுவேன்." தலை குனியாமல் சொன்னாள். "தொண்டைக்கு மூணு நாள் மருந்து. வலி போனதும் நிறுத்திடுவேன்."

இரவில் பிள்ளை உடம்பு கணகணவென்று இருக்கிறதே என்று நான் கேட்டபோதெல்லாம், தூங்குகிற பிள்ளை உடம்பு அப்படித்தான் இருக்கும் என்றவளும் இவள்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். என் அக்கா ஐந்து பூசணிக்காயை மறைத்திருக்கிறாள், நானும் பிசைந்து சாப்பிட்டிருக்கிறேன்.

"ஏன்க்கா?"

கத்தியை எடுத்து மடக்கினாள். பிறகு அட்டைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு ஆறு வயசுல டான்சில் எடுத்தாங்க. உனக்கு அப்ப மூணு வயசு, ஞாபகம் இருக்காது. செருப்பு வாங்கித் தர்றேன்னு அம்மா கூட்டிட்டுப் போனாங்க. செருப்புக் கடைன்னு நெனச்சுத்தான் அந்தப் படி ஏறினேன். நாலு பேர் கையைக் காலைப் பிடிச்சு அமுக்கினாங்க. அம்மா கதவுக்கிட்ட நின்னுட்டு இருந்தாங்க. கூப்பிட்டேன். வரல."

எனக்குச் செருப்பு ஞாபகம் வந்தது. சிவப்புச் செருப்பு, பக்கவாட்டில் வெள்ளைப் பொத்தான். அக்கா ஒரு நாளும் போடாமல் பெட்டியோடு கிடந்தது. கால் வளர்ந்ததும் எனக்குத் தந்தார்கள். புதுச் செருப்பை இந்தப் பைத்தியம் ஏன் வேண்டாமென்றாள் என்று குதித்துக்கொண்டு போட்டுத் தேய்த்தவள் நான்.

ஒரு கணம் அவள் கையைப் பிடிக்கத் தோன்றியது. ஆனால் ஆத்திரத்துக்குக் கண் இல்லை. எனக்கு அன்றைக்கு வாய் மட்டும் இருந்தது.

"உனக்கு அவங்க பொய் சொன்னாங்க. அதுக்காக என் பிள்ளைக்குப் பொய் சொல்லக் கத்துக் கொடுத்தியா? என்கிட்ட பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ கேட்டிருப்பியா? அம்பு ஒட்டிட்டா உனக்கு அது தள்ளுபடிச் சட்டை."

"சாவியைக் கொடு."

"கோவத்துல பேசாதடி."

"சாவியைக் கொடுக்கா."

பையைத் துழாவி எடுத்து, கண்ணாடி மேசைமேல் வைத்தாள். என் கையில் தரவில்லை. நானும் அவள் கையிலிருந்து வாங்கியிருக்க மாட்டேன்.

திங்கட்கிழமை டாக்டர் கணக்கைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். மூன்றும் ஐந்தும் எட்டு. மருந்தைப் பாதியில் பாதியில் நிறுத்தியது எவ்வளவு தப்பு என்று சொன்னார். நான் தலையாட்டினேன், திட்டு வாங்க வேண்டியவள் நான் இல்லையே என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டு. செதுக்கினால் இந்தத் தொண்டைக்குப் போதாது, முழுசாக எடுப்பதுதான் சரி என்றார். அன்றைக்கே கையெழுத்துப் போட்டேன். இரண்டு வாரம் கழித்துத் தேதி.

ஊரிலிருந்து வந்த கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "அக்கா கெட்ட எண்ணத்துல செய்யல" என்றார். அவரோடும் இரண்டு நாள் பேசவில்லை.

ஒன்றை மட்டும் உறுதியாக வைத்துக்கொண்டேன்: செருப்புக் கடை இனி இந்த வீட்டில் கிடையாது. பொடிசை மடியில் உட்கார வைத்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், தூங்க வைப்பார்கள், எழுந்தால் தொண்டை ரொம்ப வலிக்கும், நிறைய நாள் வலிக்கும், நான் கூடவே இருப்பேன்.

கேட்டுக்கொண்டாள். "பெரியம்மா வருவாங்களா?"

"மாட்டாங்க."

"நான் டாக்டர்கிட்ட சொன்னதாலயா?"

"இல்லடா. நீ சொன்னது ரொம்ப நல்லது. பெரியம்மா தப்பு பண்ணினாங்க, அதான்."

ம், என்றாள். புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன். கோணல் காலரைக் கண்டுபிடிக்கிற கண் எனக்கு, பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் தெரியவில்லை. லீவு போட்டு அந்த இரண்டு வாரமும் வீட்டிலேயே இருந்தேன். காலண்டரில் ஒரு அம்பும் ஏறவில்லை. அக்கா இல்லாமல் இருந்தால் பிள்ளைக்கு ஒன்றும் வராது என்றுகூட ஒரு நாள் கணவரிடம் சொன்னேன், வெட்கமில்லாமல்.

ஆபரேஷன் நாள் காலையில் பொடிசு எனக்கு முன்பே எழுந்திருந்தாள். தானே பல் தேய்த்து, தானே முகம் கழுவினாள். குளியலறையில் வெகுநேரம் தண்ணீர் ஓடியது. முன்முடியெல்லாம் நனைந்து வந்து நின்றாள். "பெரிய மனுஷி ஆயிட்டா" என்று கணவர் தலையைத் துவட்டிவிட்டார். கண் பளபளவென்று இருந்தது. பயம் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் படிவத்தோடு வந்தார். "போன ஒரு வாரத்துல சளி, காய்ச்சல் எதாவது?"

"எதுவும் இல்ல சிஸ்டர்" என்றேன், பன்னிரண்டு வருஷச் செக்கிங் அனுபவத்தோடு.

தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தார். அது கத்தியது. எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி வைத்தார். "நூத்தி ஒண்ணரை. இன்னிக்குப் பண்ண முடியாதும்மா. எப்ப இருந்து இருக்கு?"

எனக்குத் தெரியவில்லை. மண்டியிட்டுப் பொடிசின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். நெற்றி ஜில்லென்றுதான் இருந்தது. கழுத்து கொதித்தது.

"எப்படா வந்துச்சு? அம்மாகிட்ட ஏன் சொல்லல?"

உதட்டை அழுத்தி மூடிக்கொண்டாள். பிறகு, அழாமல் சொன்னாள்: "சொன்னா யாராவது போயிடுறாங்க."

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நர்ஸ் ஒன்றும் புரியாமல் படிவத்தில் எழுத வேண்டிய இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றார்.

"பெரியம்மா வீட்டுக்கு வந்தாங்களா? இது பெரியம்மா காய்ச்சலா?" என் குரலில் இன்னமும் அந்தச் சந்தேகம் இருந்தது. அது என் பிள்ளைக்கும் கேட்டது.

"இல்ல" என்றாள். என் கையை முகத்திலிருந்து மெல்ல விலக்கினாள். "அம்மா காய்ச்சலும் இல்ல. இது என் காய்ச்சல்."