ஐந்து தோட்டத்துக்கு ஒரு லைசென்ஸ்

மலைச்சுடர் கணினிக் கல்வி மன்றத்தின் ஸ்தாபகத் தலைவர் சின்னத்தம்பிக்கு அன்று காலையில் இரண்டு கவலைகள். இரண்டும் கம்ப்யூட்டரால் வந்தவை. இரண்டிலுமே கம்ப்யூட்டருக்குப் பெரிய பங்கில்லை.

மன்றம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் ஒரு காலத்தில் கைக்குழந்தைகளை விட்டுப்போன பிள்ளை மடுவம் அது. உள்ளே ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், நாலு பிளாஸ்டிக் கதிரை, பாடம் சொல்லித்தர ஜீவராணி. வெளியே பெயர்ப்பலகை. பலகை வாசலைவிட அகலம் என்பதால் ஒரு பக்கம் காற்றில் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் தலைவரின் பெயர், மன்றத்தின் பெயரைவிட ஒரு சுற்றுப் பெரிய எழுத்தில்.

முதல் கவலை, பட்டம். ஹட்டனில் உள்ள குறிஞ்சிப் பண்பாட்டுப் பேரவை அவருக்குப் பொன்னாடை போர்த்தி 'கணினிக் காவலர்' என்ற பட்டம் தரப்போகிறது. ஐந்து தோட்டங்களில், முறையாக லைசென்ஸ் எடுத்த ஐந்து கம்ப்யூட்டர்களை மன்றம் நடத்துகிறது என்று போன தைப்பொங்கல் மேடையில் அவர் அறிவித்ததன் பலன் அது. நோட்டன் பிரிட்ஜில் ஒன்று, டயகமவில் ஒன்று என்று ஒவ்வொன்றாக விரலை மடக்கிக்கொண்டே போனார். ஒரு கைக்கு ஐந்து விரல் இருந்தது அவர் குற்றமல்ல.

உண்மையில் இருந்தது ஒன்று. அதுவும் ஆனி மாத மழையில் ஈரம் குடித்துச் செத்துப்போய், இப்போது புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறார்கள். அதுதான் இரண்டாவது கவலை. புதிய கம்ப்யூட்டரின் திரையில், வலப்பக்க மூலையில், விண்டோஸை இன்னும் பதிவு செய்யவில்லை என்று சாம்பல் நிறத்தில் ஒரு வாசகம் அழியாமல் நின்றது. பேரவையின் செயலாளர் யேசுரட்ணம் மத்தியானம் நேரில் பார்க்க வருகிறார். காவலரின் கம்ப்யூட்டரே களவுச் சாமான் போல நின்றால் பொன்னாடை யார் தோளுக்குப் போகுமோ.

"பழைய பெட்டியில இருந்த லைசென்ஸ இதுக்கு மாத்தணும் தலைவரே. நம்பர அடிச்சுப் பாத்தேன். ஏத்துக்க மாட்டேங்குது. அது பழசுலயே இருக்காம்" என்றாள் ஜீவராணி.

"பழசுதான் செத்துப்போச்சே."

"அது நமக்குத் தெரியும். கம்பனிக்குத் தெரியாதுல்ல. ஒரே ஆளு பேரு ரெண்டு தோட்டத்து செக்ரோல் புத்தகத்துல இருக்க ஏலாது பாருங்க, அந்த மாதிரிதான். பழைய தோட்டத்துல பேரு வெட்டுனாத்தான் புதுத் தோட்டத்துல பதிவாங்க."

"செத்தவன் பேர யாரு வெட்டுறது?"

"போன் பண்ணிச் சொன்னா அவுங்களே வெட்டுவாங்களாம்."

சின்னத்தம்பி சால்வையைச் சரிசெய்துகொண்டார். "நானே பேசுறேன். தலைவர் பேசுனா அது வேற மாதிரி இருக்கும்."

"வேற மாதிரித்தான் இருக்கும்" என்றாள் அவள்.

மடுவத்தில் சிக்னல் கிடைப்பது ஒரே ஓர் இடத்தில்தான். மேற்குப் பக்க ஜன்னலின் மேல் ஆணியில், ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு போனைத் தொங்கவிட வேண்டும். கையில் எடுத்துக் காதில் வைத்தால் செத்துவிடும். ஆகவே ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுக் கீழே நின்று அண்ணாந்து கத்துவது வழக்கம். தொழிலாளர் லயத்து வீடுகளிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். கல்யாணப் பேச்சும் கைமாற்றுப் பேச்சும் எல்லோர் காதிலும் விழும். அந்தத் தோட்டத்தில் யாருக்காவது ரகசியம் பேச வேண்டுமென்றால் நேரில் போய்த்தான் பேச வேண்டும்.

கம்பனியின் எண்ணை அழுத்தியதும் பாட்டு வந்தது. பாட்டு முடியவில்லை. பாட்டின் நடுவில், மத்தியானம் வருவதாகச் சொன்ன யேசுரட்ணம், ஒரு கருப்புத் தோள்பையோடு வாசலில் நின்றார். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட அதிபர். வணக்கம் சொல்வதற்கும் முன்னுரை வைப்பவர்.

"மலையகத்தின் கணினி யுகத்தைத் தொடக்கி வைத்த இந்தப் புனித மண்ணிலே..."

"உக்காருங்க சேர்" என்றார் சின்னத்தம்பி. பிறகு ஜீவராணியிடம் குரலைத் தாழ்த்தி, "போனை வச்சுரு" என்றார்.

"இவ்வளவு நேரம் பாட்டுக் கேட்டதெல்லாம் வீணாப் போயிரும் தலைவரே" என்றாள் அவள். அதற்குள் பாட்டு நின்றது.

"ஆயுபோவன்" என்று சிங்களத்தில் வணக்கம் சொன்னது ஆணியில் தொங்கிய பை. பிறகு தமிழுக்கு மாறி, "வணக்கம் சேர். என்ன உதவி வேணும்?"

"நான் மலைச்சுடர் கணினிக் கல்வி மன்றத்தின் ஸ்தாபகத் தலைவர்..."

"லைசென்ஸ் நம்பரைச் சொல்லுங்க சேர்."

ஜீவராணி ஒவ்வோர் எழுத்தாக வாசித்தாள். யேசுரட்ணம் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்தபடி, பிரார்த்தனையில் நிற்பவர் போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி சேர். இந்த லைசென்ஸ் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். நீங்க இப்ப எத்தனையில போட்டிருக்கீங்க?"

சின்னத்தம்பியின் கண் ஜன்னல் ஆணிக்கும் யேசுரட்ணத்துக்கும் நடுவில் அலைந்தது. ஐந்து என்றால் லைசென்ஸ் போய்விடும். ஒன்று என்றால் பட்டம் போய்விடும். வாழ்க்கையில் அவரிடம் இவ்வளவு சுருக்கமான கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"அது வந்து தங்கச்சி, நம்ம மன்றத்தோட சேவைய எண்ணிக்கையில அடக்க ஏலாது..."

"எண்ணிக்கை வேணும் சேர். இல்லாட்டி நான் மாத்த ஏலாது."

"ஒண்ணு" என்றார், சால்வைக்குள்.

"கேக்கல சேர்."

"ஒண்ணு."

"லைன் கிளியர் இல்ல. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

"ஒண்ணுதான் தங்கச்சி, ஒண்ணே ஒண்ணுதான்" என்று மடுவத்துக் கூரைத் தகரம் அதிரக் கத்தினார் தலைவர். வெளியே கொழுந்து மலையில் யாரோ ஒருத்தி, "அட, ஒண்ணுதானாம்டி" என்று அடுத்த நிரைக்கு ஒலிபரப்பினாள்.

"நன்றி சேர். மாத்தியாச்சு."

திரையில் இருந்த சாம்பல் வாசகம் மறைந்தது. சின்னத்தம்பி யேசுரட்ணத்தின் முகத்தைப் பார்க்கத் துணியாமல் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் எதிர்பார்த்த உபதேசம் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது, அதிபர் தம் கருப்புப் பையைக் காலால் மெல்லக் கதிரைக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார்.

"பைக்குள்ள என்னாங்க சேர்?" என்று கேட்டாள் ஜீவராணி.

"லெப்டொப்" என்றார் யேசுரட்ணம். முதல் தடவையாக முன்னுரை இல்லாமல் பேசினார். "என்னோடதுலயும் மூலையில அந்த எழுத்து ரெண்டு வருசமா நிக்குது. மகன் கேலி பண்றான். இவருதான் லைசென்ஸ அஞ்சு எடத்துல போட்டிருக்காரே, ஆறாவதா நம்மளோடதையும் போட்டுக்கலாம்னு பாத்தேன்."

சின்னத்தம்பிக்கு மெல்ல மெல்லத் தெம்பு வந்தது. சால்வை மறுபடி தோளில் ஏறியது.

"சேர், பட்டம் எப்படி?"

"அழைப்பிதழ் அடிச்சாச்சு. அடிச்சத மாத்துறது பேரவைக்கு அழகில்ல." யேசுரட்ணம் இருமினார். "ஆனா ஒரு செயலாளரா, மனசாட்சின்னு ஒண்ணு இருக்குல்ல."

"அந்த மனசாட்சிய எந்த மெசின்ல போடணும் சேர்?" என்றார் சின்னத்தம்பி.

அதிபர் கதிரைக்கு அடியில் குனிந்து பையை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"தலைவரே, லைசென்ஸ இதுல இருந்து எடுத்தா நம்ம புள்ளைங்களுக்கு மறுபடி அந்த எழுத்துத்தான்" என்றாள் ஜீவராணி.

"மூலையில இருக்குற எழுத்து புள்ளைங்களை என்னா பண்ணப்போகுது? எடுத்துவிடு."

மறுபடி பாட்டு. மறுபடி அதே குரல்.

"சேர், இப்பத்தானே மாத்துனீங்க?"

"ஆமா தங்கச்சி. ஹட்டன் கிளைக்கு மாத்துறோம்."

"சரி. எத்தனை கம்ப்யூட்டர்ல இருக்கும்?"

சின்னத்தம்பி வாயைத் திறப்பதற்குள் யேசுரட்ணம் எழுந்து, ஜன்னலுக்குக் கீழே போய் நின்று, மார்பை நிமிர்த்தி, மேடைக் குரலில், "ஒன்றே ஒன்று" என்றார்.

அது முதல் தடவையிலேயே தெளிவாகக் கேட்டது. அவருடைய மூலை துப்புரவானது. மன்றத்தின் மூலையில் சாம்பல் எழுத்து திரும்பி வந்து குந்திக்கொண்டது. பெரியவர்கள் இருவரும் கை குலுக்கினார்கள்.

ஜீவராணி போனை ஆணியிலிருந்து கழற்றி, சொப்பிங் பேக்கைச் சுருட்டினாள்.

"பட்டம் குடுக்குறதுக்கும் இப்படி ஒரு போன் நம்பரு வச்சுக் கேள்வி கேட்டா நல்லா இருக்கும் சேர்" என்றாள்.

"நல்ல யோசனை" என்றார் யேசுரட்ணம், லெப்டொப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "அடுத்த கூட்டத்துல தலைவரே அதப் பத்திப் பேசட்டும்."