விளக்குப் பாட்டில் ஒரு விசும்பல்

“விளக்குப் பாட்டுல ஒரு விசும்பல் வருமே, நாடே கேட்டு அழுதுச்சே, அது குயிலம்மா தொண்டையில இருந்து வந்தது இல்ல அத்தான். என் மூக்குல இருந்து வந்தது.”

சொன்னவர் கூலிங். சொல்லிவிட்டு, நாளைக்கு மழை வரும் என்று சொன்னவர்போல, டம்ளரை ஊதி ஊதித் தேநீர் குடிக்க ஆரம்பித்தார்.

எதிரே உட்கார்ந்திருந்த சி.ஐ.டி.க்குப் புரையேறியது.

சி.ஐ.டி. என்பது குடும்பம் வைத்த பெயர். உண்மையில் அவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளைம் விசாரிக்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எரிந்த கடையின் சாம்பலில் ஒரு சிட்டிகை எடுத்து முகர்ந்து, ‘இது தானாகப் பிடித்த தீ இல்லை, பங்காளி வைத்த தீ’ என்று சொல்லக்கூடியவர். வேலையில் ஒட்டிய சந்தேகம் ஓய்வுக்குப் பிறகு உதிரவில்லை, குட்டி போட்டது. பாலில் தண்ணீர் இருக்கிறதா என்று ஊரார் பார்ப்பார்கள். இவர் தண்ணீரில் பால் இருக்கிறதா என்று பார்ப்பார். காலண்டரில் ஞாயிறு என்று போட்டிருந்தால் பக்கத்து வீட்டுக் காலண்டரையும் எட்டிப் பார்த்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைக்கு அனுமதி கொடுப்பார்.

அப்பேர்ப்பட்டவர் கேள்வி கேட்காமல் நம்பியது உலகத்தில் ஒன்றே ஒன்றைத்தான். பாடகி குயிலம்மாவின் குரல். அதிலும் விளக்குப் பாட்டு. கணவன் வரமாட்டான் என்று தெரிந்தும் விளக்கேற்றி வைக்கிறவள், கடைசிச் சரணத்துக்கு முன்னால் விடுகிற அந்த ஒற்றை விசும்பல். கிளைம் கேட்டு அவர் மேஜைக்கு முன்னால் அழுத அத்தனை பேரின் அழுகையையும் அந்த விசும்பலோடு உரசிப் பார்த்துத்தான் எது தங்கம், எது பித்தளை என்று எழுதியிருக்கிறார். அது அவருடைய உரைகல்.

வருகிற சனிக்கிழமை ஓய்வு பெற்றோர் சங்கத்தில் ‘எனக்குப் பிடித்த குரல்’ என்று அவர் பேச வேண்டும். போன கூட்டத்தில் தலைமையாசிரியை ஒரு வெண்கலத் தொண்டைப் பாடகரைப் பற்றிப் பேசி, கூரை பெயர்ந்து விழும் அளவுக்குக் கைதட்டல் வாங்கியிருந்தார். அதைத் தூக்கி அடிக்க சி.ஐ.டி. தன் பேச்சு முழுவதையும் அந்த விசும்பலின் மேல்தான் கட்டி எழுப்பியிருந்தார். கூலிங்கும் சங்கத்தில் உறுப்பினர். நடுக்கூட்டத்தில் எழுந்து, ‘அது என் மூக்கு’ என்று சொல்லிவிட்டால்?

சொல்லக்கூடிய ஆள்தான். கூலிங், மனைவியின் தம்பி. ஏசி மெக்கானிக். தான் ரிப்பேர் செய்த ஏசியில் ஒரு மந்திரியின் மீசை உறைந்துபோய், வெந்நீர் ஊற்றிப் பிரித்தார்கள் என்று பத்துப் பேர் நடுவில் கூசாமல் சொன்னவர். சனிக்கிழமைக்குள் இந்தப் புளுகைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட வேண்டும் என்று சி.ஐ.டி. முடிவு செய்தார்.

“எப்படிடா மாப்ளே? விவரமாச் சொல்லு, கேப்போம்.” குரலில் தேன் சொட்டியது. கிளைம் ஆசாமிகளைக் கவிழ்க்கும்போது சொட்டுகிற அதே தேன்.

“அப்பல்லாம் பாட்டு ரெக்கார்டிங்னா ஒரே ரூம், ஒரே டேக். வாத்தியக்காரங்க அத்தனை பேரும், பாடறவங்களும் ஒண்ணா இருப்பாங்க. ஒருத்தன் தப்புப் பண்ணினா எல்லாரும் முதல்ல இருந்து. சிவப்பு லைட் எரிஞ்சா ஏசிய நிறுத்திடணும், அந்த உறுமல் மைக்குல விழும்ல? ஏசி நின்னிருக்கிற நேரம் பார்த்து நான் மேல ஏசி காத்து வர்ற டக்ட்டுக்குள்ள படுத்துத் தூசி தட்டிட்டிருந்தேன். நான் உள்ள இருக்கிறது ஒருத்தருக்கும் தெரியாது. சிவப்பு லைட்ட போட்டுட்டாங்க. அது தகர டக்ட்டு அத்தான்! விரல அசைச்சா இடி இடிக்கும். மூச்சைப் பிடிச்சுட்டுக் கிடந்தேன். மூக்குக்குள்ள ஒரு மூட்டைத் தூசி. கடைசிச் சரணத்துக்கு முன்னாடி வந்துச்சு பாருங்க ஒரு தும்மல்! மூக்கைப் பிடிச்சு, வாயைப் பொத்தி, உயிரைக் குடுத்து அடக்கினேன். அதுல கசிஞ்சதுதான் உங்க விசும்பல்.”

“அன்னிக்கு வெளியில நல்ல மழை, இல்ல?”

“மழையா? வெயில் பல்லைக் காட்டிட்டு இருந்துச்சு. மழையா இருந்தா என்னைய எதுக்குக் கூப்பிடறாங்க?”

முதல் கண்ணி காலி. சி.ஐ.டி. அடுத்ததை வைத்தார். “குயிலம்மா அன்னிக்குப் பச்சைப் புடவைதானே?”

“யாருக்குத் தெரியும்? மேல கம்பி இடுக்குல இருந்து பாக்கறவனுக்கு வகிடுதான் தெரியும். வகிடு கொஞ்சம் கோணல்.”

சி.ஐ.டி. டம்ளரைக் கீழே வைத்தார். பொய் சொல்கிறவன் முழுசாகப் பார்ப்பான். புடவை, பொட்டு, செருப்பு வரைக்கும் வருணிப்பான். நிஜமாகவே அங்கே இருந்தவனுக்குத்தான் ஒரு மூலை மட்டும் தெரியும். இது அவரே புதிதாக வந்த அதிகாரிகளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். ஆனாலும் கோணல் வகிட்டை நம்பி ஒரு குரலைக் கைவிட முடியுமா?

“வாயால சொன்னா ஆயிரம் சொல்லலாம். ஸ்பாட் விசாரணை” என்றார். விபத்து எப்படி நடந்தது என்று சந்தேகம் வந்தால், நடந்த மாதிரியே மறுபடி நடத்திப் பார்ப்பது அவருடைய வழக்கம். மாடியிலிருந்து விழுந்ததாகச் சொன்ன அலமாரிக்காக ஒரு முறை மூன்று அலமாரிகளைக் கீழே தள்ளிய மகானுபாவர்.

மனைவி தையல் கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் விசாரணை ஆரம்பமானது. குளியலறைக்கு மேலே சாமான் போடும் லாஃப்ட்தான் டக்ட். கூலிங் முட்டியில் ஆபரேஷன் செய்துகொண்டவர். ஏணிப் பக்கமே போகக்கூடாது என்று அவருடைய அக்கா சத்தியம் வாங்கியிருந்தாள். அக்காவுக்குத் தெரிந்தால் தம்பிக்கு ஒரு சாத்து, ஏணியைப் பிடித்த புருஷனுக்கு ஒன்பது. இருந்தும் ஏறினார். கையில் ஒரு பழைய ஏசி ஃபில்டர், அதில் ஒரு பாலைவனத்துக்குத் தேவையான தூசி.

“தட்டு!” என்றார் கீழே கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சி.ஐ.டி.

கூலிங் தட்டினார், முகர்ந்தார், தும்மினார். “ஹஅச்ச்சூ!” எருமை குளத்தில் விழுந்த சத்தம். அடுத்தது, டயர் வெடித்த சத்தம். அதற்கடுத்ததை என்னவென்று சொல்ல உலகத்தில் இன்னும் உவமை பிறக்கவில்லை. எதிர்வீட்டு நாய் மட்டும் எழுந்து நின்று மரியாதை செய்தது.

“இதுவாடா குயிலம்மா? கிளைம் தள்ளுபடி! இறங்கு!” சி.ஐ.டி. முகத்தில் பல நாளைக்குப் பிறகு வெளிச்சம்.

“அத்தான், அன்னிக்கு பயம் இருந்துச்சு. தும்மினா வேலை போயிடும்கிற பயம். இங்க எனக்கு யாருகிட்ட பயம்? உங்ககிட்டயா?”

அந்த நேரம் பார்த்து வாசல் கேட் கிரீச்சிட்டது.

“ஐயையோ, உங்கக்கா!” சி.ஐ.டி. துள்ளி எழுந்தார். ஏணியை மடக்கிக் கதவுக்குப் பின்னால் திணித்தார். “மாப்ளே, மூச்சு விட்டே, ரெண்டு பேரும் செத்தோம்!” என்று மேலே பார்த்துக் கிசுகிசுத்துவிட்டு, நாற்காலியில் விழுந்து, கையில் அகப்பட்ட பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டார். மேலே ஏணியின் அதிர்வில் கிளம்பிய தூசி மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

மனைவி உள்ளே வந்தாள். “சாயங்காலம் வரச் சொல்லிட்டான் அந்தத் தையக்காரன்” என்றபடி செருப்பைக் கழற்றினாள். மின்விசிறியைப் போட்டாள்.

அப்போது மேலேயிருந்து வந்தது.

மெல்லிசாக, பாதியில் உடைந்து, உள்ளே இழுத்துக்கொண்ட ஒரு விசும்பல். முதலில் சின்னதாக ஒரு தடுமாற்றம், பிறகு மேலே ஏறி, உச்சியில் அறுந்து, மிச்சத்தை விழுங்கி... வாழ்நாள் முழுக்கக் கேட்டவருக்கு அது அடையாளம் தெரியாமல் போகுமா? பெற்ற பிள்ளையின் அழுகை மாதிரி தெரிந்தது.

மனைவி நெஞ்சில் கை வைத்தபடி நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது. “ஏங்க, விளக்குப் பாட்டா? அந்த இடம் வந்ததும் நிறுத்திட்டீங்களே. போடுங்க, கேப்போம்.”

“ரே... ரேடியோல வந்துச்சு. கரண்டு போயிடுச்சு” என்றார் சி.ஐ.டி., ஓடுகிற மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு. விசாரணை அதிகாரியின் வாழ்க்கையிலேயே படுமட்டமான பொய் அதுதான்.

மனைவி காய்கறி வாங்கக் கிளம்பிய பிறகுதான் கூலிங் இறங்க முடிந்தது. தலை முதல் கால் வரை சாம்பல் நிறம். அத்தானின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கே என்னவோ போலாகிவிட்டது.

“விடுங்க அத்தான். சனிக்கிழமை நான் வாயத் திறக்க மாட்டேன். நீங்க பேசுங்க. என் மூக்கு எங்க ஓடியா போகுது?”

அடுத்த நாட்களில் சி.ஐ.டி. பாலைக்கூடச் சோதிக்கவில்லை. உரைகல்லே பித்தளை என்றால், இத்தனை வருஷம் எதை உரசினோம்? யாருடைய நிஜக் கண்ணீரையாவது பொய் என்று எழுதிவிட்டோமா? அதைவிடப் பெரிய முள் ஒன்று. குயிலம்மாவே அல்லவா ஊரை ஏமாற்றியிருக்கிறாள்? தன் தொண்டையில் பிறக்காததைத் தன் குழந்தை என்று தூக்கிக்கொண்டு வலம் வந்திருக்கிறாளே!

சனிக்கிழமை. சங்கத்து ஹாலில் ஒரு நாற்காலிகூட மிச்சமில்லை. கூலிங் பின்னால் ஒரு ஓரமாக, வாயில் பூட்டுப் போட்டவர்போல உட்கார்ந்திருந்தார். சி.ஐ.டி. பாட்டைப் போட்டார். கடைசிச் சரணத்துக்கு முன்னால் அந்த இடம் வந்தது. ஹால் மொத்தமும் கைக்குட்டை எடுத்தது. வெண்கலத் தொண்டையின் கட்சிக்காரியான தலைமையாசிரியையே மூக்கை உறிஞ்சினார்.

பாட்டு முடிந்ததும் தலைமையாசிரியை எழுந்தார். “சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நான் இவங்க கச்சேரிக்கு நாலஞ்சு தடவை போயிருக்கேன். மேடையில இந்தப் பாட்டைப் பாடறப்ப அந்த விசும்பல் வந்ததே இல்ல. அந்த இடத்துல சும்மா நிறுத்தி, லேசாச் சிரிச்சுட்டு, மேல பாடிடுவாங்க. ஏன் சார் அப்படி?”

சி.ஐ.டி.யும் எல்லாக் கச்சேரிக்கும் போனவர்தான். இதற்கு அவரிடம் ஒரு பதில் எழுதித் தயாராக இருந்தது: ‘நிஜமான துக்கம் இரண்டாம் முறை வராது.’ நல்ல வாக்கியம். கூரை பெயரும். வாயைத் திறந்தார்.

அந்தச் சிரிப்பு கண் முன்னால் வந்து நின்றது. குயிலம்மாவுக்குத் தெரியும். அன்றைக்கே தெரிந்திருக்கும், தலைக்கு மேலே யாரோ ஒருவன் இருந்தான் என்று. போட்டுக் கொடுத்து அவன் வேலைக்கு உலை வைக்கவில்லை. ஊர் கேட்டுத் தவம் கிடந்தபோதும், அடுத்தவன் சொத்தை ஒரு மேடையில்கூடத் தன்னுடையது என்று எடுத்துப் பாடவில்லை. அத்தனை பெரிய பாட்டில் ஒரு ஓட்டையை அப்படியே விட்டுவிட்டுச் சிரித்திருக்கிறாள்.

சி.ஐ.டி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேச்சு எழுதிய காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

“டீச்சர், என் சர்வீஸ்ல பொய் கிளைம் போடாத ஒரே மனுஷி அவங்கதான். அதனால எனக்குப் பிடிச்ச குரல் இப்பவும் அதுதான். ஆனா அந்த விசும்பல்...” பின்வரிசையைக் கைகாட்டினார். “அதோ, ஓரமா ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி உக்காந்திருக்கான் பாருங்க, என் வீட்டுக்காரி தம்பி. அது அவன் மூக்கு. சிரிக்காதீங்க. நானே ஸ்பாட்ல விசாரிச்சேன், என் காதால கேட்டேன். நம்ப முடியாதுதான். ஆனா நடந்தது நிஜம்.”