பயறளவு திரியாக்

குழந்தை பத்துமலைக்கு வயிறு போய்க்கொண்டிருந்தது. ரப்பர் தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரசர் காதுக்கு அது எட்டக் கூடாது என்பதுதான் நல்லம்மாளின் கவலை. எட்டினால் பிள்ளையை ஆஸ்பத்திரிக் கொட்டகைக்குத் தூக்கிப்போவார். மூத்தவளையும் அப்படித்தான் தூக்கிப்போனார். அவள் பாயில் சுற்றித்தான் திரும்பி வந்தாள்.

அதனால் புருஷன் சன்னாசி கோப்பெங் தோட்டத்திலிருந்து ஈப்போ டவுன் வரைக்கும் போய், ஹக்கீம் வைத்தியர் கடையில் திரியாக் வாங்கி வந்தான். பட்டை, மிளகு, குங்குமப்பூ, பெயர் தெரியாத வேர்கள் எல்லாவற்றையும் இடித்துத் தேனில் கிளறிய கறுப்பு லேகியம். யவன தேசத்து ராஜாக்களே விஷமுறிவுக்குச் சாப்பிட்டதாம். ராஜா சாப்பிட்டால் என்ன, சாப்பிடாவிட்டால் என்ன, கூலிக்காரர் லயத்துப் பிள்ளை பிழைத்தால் போதும்.

“பச்சைப்பயறு அளவுதான். ஒரு நாளைக்கு ஒரே தடவதான். அபின் சேர்ந்திருக்காம், மறுதடவ குடுத்தா ஆபத்துன்னு ஹக்கீம் சொன்னாரு. வெளையாட்டு இல்லலா, நல்லம்மா.”

அவளா விளையாடுவாள்? நிஜமாகவே ஒரு பச்சைப்பயறை எடுத்துப் பக்கத்தில் வைத்து, அளவு பார்த்துக் கிள்ளிக் கொடுத்தாள். பிறகு காலையில் ஆள் எண்ணும் பிரட்டுக்கு ஓடும் வழியில் பிள்ளையை ஆயாக் கொட்டகைத் தொட்டிலில் போட்டாள்.

“ராத்திரி தூங்கலக்கா. எழுப்பாதீங்க” என்று மட்டும் ஆயா கருப்பம்மாளிடம் சொன்னாள். மருந்தைப் பற்றி மூச்சு விடவில்லை. வெளி மருந்து கொடுத்தால் டிரசர் ஆளையே தோட்டத்தை விட்டு விரட்டுவார். ஆயாவோ டிரசருக்கு வேண்டியவள்.

அன்றைக்குத் துரை கொட்டகையைப் பார்க்க வந்தார். பிள்ளைகள் கத்தினால் ஆயாவின் வேலை போய்விடும். அதற்குக் கருப்பம்மாளும் ஒரு பொட்டலம் வைத்திருந்தாள். மோட்டார் சத்தம் கேட்டதும் தொட்டில் தொட்டிலாகப் போய் நாக்கில் துளித்துளி தடவினாள். பத்துமலை முனகினான். அவனுக்கும் தடவினாள். துரை சிரித்த முகமாகப் போனார்.

ரப்பர் பாலை ஊற்றிவிட்டு முலை கொடுக்க வந்த நல்லம்மாள் பிள்ளையை உலுக்கினாள். அவன் கண் திறக்கவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது.

டிரசர் ஓடி வந்தார். “ஏதாச்சும் குடுத்தீங்களா? இப்ப சொன்னா வாந்தி எடுக்க வைக்கலாம். சொல்லுங்கம்மா!”

நாம் அளவாகத்தானே கொடுத்தோம், அதனால் இருக்காது என்று நினைத்தாள் நல்லம்மாள். மற்ற பிள்ளைகளெல்லாம் நன்றாகத்தானே கிடக்கின்றன, அதனால் இருக்காது என்று நினைத்தாள் கருப்பம்மாள். இரண்டு பேரும் இல்லையென்று தலையை ஆட்டினார்கள். இருவர் நினைத்ததும் நியாயம்தான், இதைச் சொல்கிற எனக்கு வயிறு எரிவதே அதனால்தான்.

பொழுது சாயுமுன் பிள்ளை போய்விட்டான்.

புதைத்த மறுநாள் சாயங்காலம் கருப்பம்மாள் லயத்துக்கு வந்தாள். சோற்றைத் தொடாமல் சுவரோரம் கிடந்தவளின் தலையைத் தடவினாள். முந்தானையிலிருந்து பொட்டலத்தை அவிழ்த்தாள்.

“இத நாக்குல வச்சுக்க, தங்கச்சி. தூக்கம் வரும். ஈப்போ சாமான். டிரசருக்கிட்ட சொல்லிடாத.”

தேன், மிளகு, குங்குமப்பூ வாசனை. நல்லம்மாள் எழுந்து உட்கார்ந்தாள்.

“அவனுக்கும் குடுத்தியா, அக்கா?”

“துரை வந்தப்ப, துளிதான். எல்லாருக்கும்தான் குடுத்தேன்.”

நல்லம்மாள் கூரை இடுக்கில் கைவிட்டுத் தன் பொட்டலத்தை எடுத்து, அதன் பக்கத்தில் பிரித்து வைத்தாள். அளவு பார்த்த பச்சைப்பயறு லேகியத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

கருப்பம்மாள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“கேட்டாரேடி” என்று தலையில் அடித்துக்கொண்டாள். “நம்ம ரெண்டு பேரையும் நிக்க வச்சு டிரசரு கேட்டாரேடி!”