செல்லத்தாயின் கொடி ஆடுகள்

பிரான்சிலிருந்து சம்பந்தி வருகிறார் என்று முடிவான அன்றே, செல்லத்தாயின் ஆடுகள் வேம்பார் கிராமத்தை விட்டுக் கிளம்ப வேண்டியதாயிற்று.

மகன் சுடலைக்கண்ணனுக்கு அந்த நாட்டில் லியோன் நகரத்தில் வேலை. அங்கேயே கமீல் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்து மூன்று வருடம் ஆகிறது. அவளுடைய அப்பா லூசியன், மலையோரக் கிராமம் ஒன்றில் நாற்பது வருடம் வெள்ளாடு வளர்த்து, அந்தப் பாலில் சீஸ் செய்து சந்தையில் விற்றவர். முழங்கால் தேய்ந்துபோனதால் போன வருடம் ஆடுகளை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். அதிலிருந்து மனுஷன் ஜன்னலோரமே கதி என்று இருக்கிறார், மூன்று வாரம் ஊருக்குக் கூட்டிக்கொண்டு வருகிறோம் என்று கண்ணன் போனில் சொன்னான். கூடவே இதையும் சொன்னான்.

"எம்மா, ஆட்டையெல்லாம் கொஞ்ச நாளைக்கு விளாத்திகுளத்துல சித்தி வீட்டுல விட்டுரு."

"எதுக்குலே? அவரும் ஆட்டுக்காரருதான?"

"அதனாலதாம்மா சொல்லுதேன். அங்க தொழுவத்துத் தரையில சோத்தப் போட்டுத் திங்கலாம், அவ்வளவு சுத்தம். மெஷின் வெச்சுப் பால் கறப்பாவ. ஆபீசர் வந்து பாத்துட்டுப் போவாரு. நம்ம கொட்டிலப் பாத்தா அவரு என்ன நினைப்பாரு?"

செல்லத்தாயிடம் இருந்தவை இருபத்திரண்டு கொடி ஆடுகள், அந்தச் சீமைக்கே உரிய வெள்ளாட்டு இனம். இடுப்புயரம் நிற்கும், வெள்ளை உடம்பில் மையை உதறிவிட்டதுபோல் சிலதுக்குக் கருப்புப் புள்ளி, சிலதுக்குச் செம்புள்ளி. நல்ல கிடா வேண்டும் என்றால் சுற்றுவட்டாரத்தில் அவள் வீட்டுக்குத்தான் வருவார்கள். பஸ் நிறுத்தத்துப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அவள் புருஷன் ஆறுமுகநயினார், "விடுளா, மூணு வாரந்தான" என்றார். அவள் லோடு ஆட்டோவில் ஆடுகளை ஏற்றினாள். நிறை சினையாக இருந்த செவலையை மட்டும் இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வைக்க வேண்டியிருந்தது. அன்று சாயங்காலம் காலிக் கொட்டிலைப் பெருக்கும்போது அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

லூசியன் வந்தார். நெட்டை மனிதர், லேசான கூன், தலையில் எப்போதும் ஒரு தொப்பி. கைகள் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியவை. ஏசி அறையை அவருக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். திருச்செந்தூர் கோயிலையும் தூத்துக்குடி மாதா கோயிலையும் துறைமுகத்தையும் காட்டினார்கள். எதைக் காட்டினாலும் மரியாதையாகத் தலையாட்டினார். மீன் குழம்பை இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். நாலாம் நாள், இங்கேயும் ஒரு நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஐந்தாம் நாள் காலையில் கண்ணனும் கமீலும் துணி எடுக்கத் தூத்துக்குடி போயிருந்தார்கள். செல்லத்தாய் பின்கட்டில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். லூசியன் மெல்ல நடந்து பின்னால் வந்தவர், காலிக் கொட்டிலுக்குள் போய் நின்றார். தூணில் ஆடுகள் உரசி வழவழப்பான இடத்தைத் தடவிப் பார்த்தார். குனிந்து, மூலையில் கிடந்த காய்ந்த புழுக்கை ஒன்றை எடுத்து விரலால் நசுக்கி மோந்தார். பிறகு திரும்பி அவளைப் பார்த்து, இரண்டு கையையும் விரித்தார்.

எங்கே என்று கேட்பதற்கு மொழி எதற்கு? செல்லத்தாய் மீனை மூடி வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

கடையில் புருஷனிடம் சொன்னாள்: "சம்பந்தியக் கூட்டிட்டு விளாத்திகுளம் போயிட்டு வாரேன்."

"கண்ணன் கேட்டா என்ன சொல்ல?"

"ஆடு பாக்கப் போயிருக்காவன்னு சொல்லுங்க."

ஆறுமுகநயினார் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இரண்டு தண்ணீர் பாட்டிலும் ஒரு பாக்கெட் கடலை மிட்டாயும் எடுத்துக் கொடுத்தார்.

பஸ்ஸில் லூசியனுக்கு ஜன்னல் சீட்டு கிடைத்தது. வழியில் மேய்கிற ஆடுகளைப் பார்க்கும்போதெல்லாம் அவளைத் திரும்பிப் பார்த்தார். "அது நம்மளுது இல்ல," என்று ஒவ்வொரு தடவையும் தலையாட்டினாள்.

தங்கை சுடலைமாடத்தி வாசலிலேயே பதற்றமாக நின்றாள். "எக்கா, இப்பதான் ஒனக்குப் போன் போட எடுத்தேன். செவலை விடியக்காலத்துல இருந்து முக்குது, குட்டி வரல. டாக்டரு கேம்ப்புக்குப் போயிருக்காராம், மத்தியானம் ஆவுமாம்."

செவலை வேப்பமரத்தடியில் படுத்து, கழுத்தை நீட்டி முனகிக்கொண்டிருந்தது. குட்டியின் ஒரு முன்னங்கால் மட்டும் வெளியே தெரிந்தது. லூசியன் வலிக்கிற முழங்காலோடு மண்ணில் மண்டியிட்டார். தன் கையைப் பார்த்தார், பிறகு செல்லத்தாயின் கையைப் பார்த்தார். தன்னுடையது பெரிது என்று தலையசைத்துவிட்டு, ஆட்டின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

செல்லத்தாய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டாள். கையை உள்ளே விட்டதும் தெரிந்தது: குட்டியின் தலை பக்கவாட்டில் மடங்கியிருந்தது. ஆடு முக்கும்போது அவள் கையை அசைக்கவில்லை. அது ஓய்ந்ததும் குட்டியை மெல்ல உள்ளே தள்ளினாள். தள்ளிய இடைவெளியில் தாடையை விரலால் பிடித்து நேராக்கினாள். மடங்கிக் கிடந்த இன்னொரு காலைத் தேடி எடுத்தாள். "அவ்வளவுதான் தாயி, அவ்வளவுதான்," என்று ஆட்டிடம் பேசிக்கொண்டேயிருந்தாள். அந்தப் பக்கம் லூசியனும் தன் பாஷையில் அதனிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். ஆடு இரண்டையும் கேட்டது. அடுத்த முக்கலில் குட்டி வழுக்கிக்கொண்டு வந்தது. செம்புள்ளிக் கிடாக்குட்டி, கீழே விழுந்ததுமே தும்மியது.

பின்னாலேயே இன்னொன்று சுலபமாக வந்தது. ஆனால் அதற்கு மூச்சில்லை. செல்லத்தாய் மூக்கைத் துடைத்து, வைக்கோலால் விலாவைத் தேய்த்தாள். அசையவில்லை. லூசியன் கையை நீட்டினார். அவள் கொடுத்தாள். அவர் எழுந்து, குட்டியின் பின்னங்கால்களைப் பிடித்து, முழு வட்டமாக இரண்டு சுற்றுச் சுற்றினார். சுடலைமாடத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்றாவது சுற்றில் சளி தெறித்தது. குட்டி இருமி, மெலிசாகக் கத்தியது.

அவர் அதைச் செவலையின் முன்னால் வைத்துவிட்டு, தொப்பியைக் கழற்றி, செல்லத்தாயைப் பார்த்துத் தலைகுனிந்தார். எண்ணெயும் ரத்தமுமாக இருந்த கையோடு அவளும் கும்பிட்டாள்.

மத்தியானம் கண்ணன் வீடியோ காலில் வந்தான். "எம்மா, அவரு முழங்கால் வலிக்காரரு. வெயில்ல எங்க கூட்டிட்டுப் போன?"

லூசியன் போனை வாங்கினார். ஐந்து நாளில் பேசாததையெல்லாம் அப்போது பேசினார். போனைத் திருப்பி ஆடுகளை ஒவ்வொன்றாகக் காட்டினார், குட்டிகளைக் காட்டினார், செல்லத்தாயின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். கமீல் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னலே சொல்லுதாரு?"

கண்ணனின் குரல் இறங்கியிருந்தது. "தலை மடங்குன குட்டின்னா அவரே பாதி நேரம் டாக்டரத்தான் கூப்பிடுவாராம். நீ கொஞ்சங்கூடப் பதறலியாம். இவ்வளவு ஒசரமான ஆட்ட அவரு ஆயுசுல பாத்தது இல்லியாம்." லூசியன் இன்னும் ஏதோ கேட்டார். "ஆட்ட ஏன் வீட்டுல வைக்கலன்னு கேக்காரு."

"நீயே சொல்லு."

கண்ணன் பிரெஞ்சில் தயங்கித் தயங்கிச் சொன்னான். லூசியன் கேட்டுவிட்டுச் சுருக்கமாக ஏதோ சொன்னார்.

"சின்ன வயசுல அவிய வீட்டுலயும் மண் தரைதானாம்மா. கழுவுற தரை ஆபீசருக்காகப் போட்டதாம். ஆட்டுக்கு மண்ணுதான் பிடிக்குமாம்."

செல்லத்தாய்க்கு முகம் மலர்ந்துவிட்டது. அதைத் தங்கையிடமிருந்து மறைக்க அவள் முயலவேயில்லை.

மறுநாள் காலையில் கண்ணனே லோடு ஆட்டோவோடு விளாத்திகுளம் வந்தான். செவலையைத் தனியாளாகத் தூக்கி வைத்தான். இரண்டு குட்டிகளையும் மடியில் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்தான். வேம்பார் வந்து சேர்வதற்குள் புதுச்சட்டை நாசமாகியிருந்தது. "எம்மா, நான் செஞ்சது தப்புதான்," என்று இறங்கும்போது சொன்னான். "சரிலே, குட்டியப் பிடி," என்றாள்.

அதற்குப் பிறகு லூசியன் ஏசி அறையில் தூங்க மட்டும் செய்தார். விடிகிற நேரத்துக்கு எழுந்து அவளோடு பால் கறந்தார். குட்டிகளுக்குப் போக மிச்சமிருந்த பாலில் ஒரு கரண்டித் தயிர் விட்டு உறைய வைத்து, ஓட்டை போட்ட தேங்காய்ச் சிரட்டைகளில் பழைய வேட்டித்துணி விரித்து வடியவிட்டார். இரண்டாம் நாள் வெள்ளையாக, பணியாரம் போல நாலு உருண்டைகள் கிடைத்தன. பேக்கரி ரொட்டியை வெட்டி, சீஸைத் தடவி, மேலே கருப்பட்டியைச் சீவிப் போட்டுக் கொடுத்தார். வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரம் பேசிப் பேசிச் சாப்பிட்டார்கள். அவர் ஊரில் மத்தியானச் சாப்பாட்டை யாரும் அவசரப்பட்டுச் சாப்பிட மாட்டார்களாம், கமீல் சொன்னதைக் கண்ணன் தமிழில் சொன்னான்.

"கெட்டித் தயிருக்கு உப்புப் போட்ட மாதிரி இருக்கு," என்றார் ஆறுமுகநயினார். சொல்லிவிட்டு இன்னொரு துண்டுக்குக் கை நீட்டினார்.

ஊருக்குக் கிளம்ப நாலு நாள் இருக்கும்போது, செல்லத்தாய் தன் தொரட்டிக் கம்பை லூசியன் கையில் கொடுத்து, உப்பளப் பாதைப் பக்கம் கைகாட்டினாள். இதுவரை அவள் தானாக வேறு யார் கையிலும் அந்தக் கம்பைக் கொடுத்ததில்லை. அவர் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். ஆடுகள் பின்னால் போயின.

பத்து மணிவாக்கில் பக்கத்து வீட்டு அற்புதமணி வேகமாக வந்தாள். "ஏக்கா, ஒங்க வெள்ளக்காரச் சம்பந்தி ஒத்தையில நிக்காரு. ஆடு பூரா உடைமரத்துப் பக்கம் மேயுது. ஆடு எங்கனயாவது போயிட்டா?"

செல்லத்தாய் அரிசி களைவதை நிறுத்தவில்லை.

"போவாது," என்றாள். "அவரு நாப்பது வருசத்து ஆட்டுக்காரரு. எம் மருமவளோட அப்பா."