காவல் படகில் போன தாயத்து

திருவண்ணாமலைக்காரனுக்குக் கடலில் என்னடா வேலை என்று சாந்த் பாஷாவைக் கேட்காத ஆளில்லை. கேட்டதில் தப்பும் இல்லை. ஊரைச் சுற்றி ஏரியும் குளமும் கிணறும் உண்டு; அவற்றிலும் பாதி, பங்குனி பிறந்தால் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். அவனோ மெத்தை தைக்கிற வீட்டுப் பையன். வேலூரில் கடற்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பஞ்சு வாங்கி வருகிறேன் என்று வீட்டில் புளுகிவிட்டுப் போய், மார்பளவு கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பியவன். வரிசையில் அவனுக்குப் பின்னால் நின்ற கீழ்பென்னாத்தூர் சுப்பிரமணியும் அதே ரகம். கிணற்றில் குதித்து நீந்திய தைரியத்தில் இரண்டு பேரும் கடலுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

வஜீதா அவனைக் கட்டிக்கொண்டு ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. புருஷன் கப்பலில் இருக்கிறான் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். லீவில் வந்தவன் அவள் பெருமையில் மண்ணை அள்ளிப் போட்டான்.

"கப்பலெல்லாம் இல்ல வஜீதா. படகு. நம்ம டவுன் பஸ்ஸுக்கு ரெண்டு மடங்கு இருக்கும், அவ்ளோதான். முன்னாடி ஒரு துப்பாக்கி வச்சிருக்காங்க. ராத்திரி பூரா துறைமுக வாசல்ல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போயிட்டு வரணும். வெளக்கு ஏத்தக் கூடாது, பீடி பத்த வெக்கக் கூடாது. எவனாவது வந்தா நிறுத்தி யாருனு கேக்கணும்."

"வாச்மேன் வேலைன்னு சொல்லுங்க," என்றாள்.

"அதேதான். கடலுக்கு வாச்மேன்."

அவன் திரும்பிப் போகிற அன்று, அவனைப் பெற்ற பீபி ஜான் தர்காவில் ஓதி வாங்கிவந்த வெள்ளித் தாயத்தை வஜீதாதான் அவன் வலது கையில், முழங்கைக்கு மேலே, கட்டிவிட்டாள். கயிறு உப்புத் தண்ணீரில் இற்றுப்போகும் என்று மெல்லிய வெள்ளிச் சரட்டில் கோத்திருந்தாள். குளிக்கும்போதுகூடக் கழற்றக் கூடாது என்று பீபி ஜான் மகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். அம்மாவிடம் செய்கிற சத்தியம்தானே, அவனும் தாராளமாகச் செய்தான்.

அது எழுபத்தொன்றாம் வருஷம். அந்தக் கார்த்திகையில் மலைமேல் தீபம் ஏற்றின சூட்டோடு சூடாகச் சண்டையும் மூண்டது. பெரிய கப்பல்களைப் பற்றி ரேடியோ ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. துறைமுக வாசலில் இருட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்த குட்டிப் படகுகளைப் பற்றி அது வாயே திறக்கவில்லை. அப்படி ஒரு படகுதான், ஆந்திரக் கரையில் ஒரு சின்னத் துறைமுகத்தின் வாசலில், விடியற்காலையில் வெடித்துத் தீப்பிடித்து மூழ்கியது. மிதந்து வந்த கண்ணிவெடி என்றார்கள். எவன் போட்ட கண்ணி என்று யாருக்கும் தெரியவில்லை. படகில் இருந்த மற்றவர்கள் எப்படியோ பிழைத்தார்கள். சாந்த் பாஷாவும் சுப்பிரமணியும் மட்டும் பிழைக்கவில்லை.

நெருப்பு தின்றது போக மிச்சத்தைக் கடல் சில நாள் வைத்திருந்துவிட்டுத்தான் கரையில் போட்டது. பெற்றவளே வந்தாலும் இது யார் என்று சொல்ல முடியாத கோலம். ஆனால் இரண்டு உடல்களில் ஒன்றின் வலது கையில் வெள்ளித் தாயத்து இருந்தது. வேறென்ன அடையாளம் வேண்டும்? தாயத்து இருந்தவனைச் சாந்த் பாஷா என்று அந்த ஊர்ப் பள்ளிவாசல்காரர்கள் மரியாதையோடு ஓதி அடக்கம் செய்தார்கள். மற்றவனைச் சுப்பிரமணி என்று எரித்தார்கள். தாயத்து வஜீதாவிடம் வந்தது. சாம்பல் ஒரு செம்புப் பானையில் சுப்பிரமணியின் அம்மா வெள்ளையம்மாளிடம் போய்ச் சேர்ந்தது.

வஜீதாவால் அடக்கத்துக்குப் போக முடியவில்லை. புருஷன் போனவள் நாலு மாதமும் பத்து நாளும் வாசற்படி தாண்டாமல் இத்தா இருக்க வேண்டும். இத்தா முடிந்ததும் அவள் கேட்டபோது, பெண்கள் கபர்ஸ்தானுக்குள் போகிற வழக்கம் நமக்கு இல்லை என்று பீபி ஜான் பேச்சை முடித்துவிட்டாள். வஜீதா வாதாடவில்லை. ஆனால் ஆசை அவளை விடவுமில்லை. ஒரே ஒரு தடவை அவனைப் புதைத்த கபரின் தலைமாட்டில் உட்கார்ந்து, இறந்தவருக்காக ஓதுகிற பாத்திஹாவை ஓதிவிட்டு வர வேண்டும். மறு கல்யாணம் பேச வந்தவர்களிடமெல்லாம், முதலில் அங்கே போய்விட்டு வருகிறேன், அப்புறம் பார்க்கலாம் என்றாள். தட்டிக் கழிக்கிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள். அவள் நிஜமாகத்தான் சொன்னாள்.

இத்தாவில் இருந்தபோது அவளைத் தேடி வந்த ஒரே வெளியூர்க்காரி வெள்ளையம்மாள். பஸ் ஏறி வந்து, மெத்தைக்கடை பாய் வீடு எது என்று கேட்டுக் கேட்டு வந்து நின்றாள். "எம்புள்ளயும் அதே போட்லதான் போனான்," என்றாள்.  வஜீதா தாயத்தைக் காட்டினாள். கிழவி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"உனக்கு இதாவது வந்துச்சு கண்ணு. ஒரு சமாதியும் இருக்குது. எனக்கு ஒரு பானை சாம்பல்."

அந்தச் சாம்பலை ஆற்றில் கரைக்கச் சொன்ன பங்காளிகளை அவள் விரட்டியடித்திருந்தாள். "தண்ணியில செத்தவனத் திருப்பியும் தண்ணியிலயே போடுவேனா?" என்பது அவள் கட்சி. தன் வேர்க்கடலைக் கொல்லையின் மேட்டில் குழி தோண்டிப் பானையோடு வைத்து மூடி, பக்கத்தில் ஒரு புங்கங்கன்று நட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் அங்கே விளக்கு வைத்தாள்.

கன்று மரமாயிற்று. ஒவ்வொரு வருஷமும் கடலை பிடுங்கியதும் ஆள் சொல்லி அனுப்புவாள். வஜீதா போவாள். உப்புப் போட்டு வேகவைத்த கடலையை மடியில் கொட்டிக்கொண்டு இரண்டு பேரும் அந்த மரத்தடியில் உட்கார்ந்து, செத்துப்போன பையன்கள் செய்த கூத்துகளைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் அழுவார்கள். புருஷனைப் பற்றி வாய்விட்டுப் பேச வஜீதாவுக்கு இந்த உலகத்தில் கிடைத்த இடம் அது ஒன்றுதான்.

எண்பத்தொன்றில் பீபி ஜானே இறங்கி வந்தாள். கண் மங்கிப் படுத்த படுக்கையாகிவிட்டிருந்தாள். "போயிட்டு வாம்மா. நான் வாழ்ந்ததெல்லாம் போதும். எனக்கும் சேத்து ஓதிட்டு வா," என்றாள். வஜீதாவின் அண்ணன் நூருல்லா கூட வருவதாக ஏற்பாடு. தீபக் கூட்டம் கலைந்ததும் ரயில். வஜீதா சின்னப் பெண்போலப் பெட்டியை அடுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

தீபம் ஏற்றிய மறுநாள் ஓர் ஆள் வாசலில் வந்து நின்றார். கைகள் இரண்டிலும் தீக்காயத் தழும்பு முழங்கை வரை ஏறியிருந்தது. ஆரணிக்காரர், பெயர் அருணகிரி, அதே படகில் துப்பாக்கிக்காரராக இருந்தவர். படகு எரிந்தபோது கடலில் குதித்துப் பிழைத்து, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் நினைவு வந்தும் வராமலும் கிடந்து, பிறகு எங்கெங்கோ வேலை பார்த்து இப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார்.

"காலைல கீழ்பென்னாத்தூர் போய் சுப்பிரமணி அம்மாவப் பாத்துட்டுதான் வர்றேன், தங்கச்சி. ரெண்டு வீட்டுக்கும் வரணும்னு பத்து வருசமா நெனப்பு. வர தைரியம் இல்ல."

வஜீதா டீ கொடுத்தாள். உள்ளே பீபி ஜான் தூங்கிக்கொண்டிருந்தாள். அருணகிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"கடைசி ராத்திரி சுப்பிரமணி ரொம்பப் பயந்துட்டான். ஊர்ல மலைமேல தீபம் எரிஞ்சினு இருக்கும், இங்க ஒரு தீக்குச்சி கிழிக்க முடியலியேனு அழுதான். சாந்து என்ன பண்ணான் தெரியுமா? தன் கையில இருந்த தாயத்தக் கழட்டி அவன் கையில கட்டிவுட்டான். 'இது எங்கம்மா ஓதி வாங்குனது, எம்பொண்டாட்டி கட்டுனது. நம்ம ஊரே உங்கையில இருக்குது, பயப்படாத'ன்னான். நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். அப்பேர்ப்பட்ட மனுசன்மா உன் வீட்டுக்காரன்."

வஜீதா முன்னால் நகர்ந்து வந்தாள். "அப்புறம் திருப்பி வாங்கிக்கலையா?"

"எங்கேர்ந்து வாங்கறது? விடியறதுக்குள்ளதான் எல்லாம் முடிஞ்சிப்போச்சே." அவர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தம்மாகிட்டயும் இதத்தான் சொன்னேன். எந்தக் கைனு ரெண்டு வாட்டி கேட்டுச்சு. வலது கைதான்மான்னேன். பாவம், வயசாயிடுச்சு."

நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறோம் என்ற நிம்மதியோடு மனிதர் விடைபெற்றார். எந்த உடலை எதை வைத்து அடையாளம் கண்டார்கள் என்பதெல்லாம் ஆஸ்பத்திரியில் கிடந்தவருக்கு எப்படித் தெரியும்?

வஜீதா பெட்டியைத் திறந்து தாயத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்படியானால் கபரில் படுத்திருப்பது சுப்பிரமணி. எரிந்தது அவள் புருஷன். செத்தவனின் உடம்பைக் குளிப்பாட்டும்போதுகூடச் சூடு தாங்காது என்று தண்ணீரைக் கைவைத்துப் பார்க்கிற ஜனம் அவளுடையது. அவனை விறகின்மேல் வைத்திருக்கிறார்கள்.  யார்மேல் கோபப்படுவது என்று தேடிப் பார்த்தாள். தப்புச் செய்தவர் என்று ஒருவரும் அகப்படவில்லை. அழுகிற பையனுக்குத் தைரியம் சொன்னதற்காகப் புருஷனைத் திட்ட முடியுமா?

பிறகுதான் புங்கமரம் நினைவுக்கு வந்தது. பத்து வருஷமாக அந்த மரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு கடலைத் தோலை உரித்துப் போட்டிருக்கிறாள். அவன் பேச்சை அவனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசியிருக்கிறாள். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, உள்ளே படுத்திருப்பவளுக்குக் கேட்காமல் அழுதாள்.

பீபி ஜானிடம் இதைச் சொல்வதில்லை என்று அப்போதே தீர்மானித்துவிட்டாள். மகன் எரிந்தான் என்று கேட்டால் அந்த உயிர் அந்த நிமிஷமே போய்விடும். வெள்ளையம்மாளிடம் மட்டும் எப்படிச் சொல்வது? மகன் தன் மண்ணில், தன் கண்ணெதிரே இருக்கிறான் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு நடமாடுகிறவள். அவளிடமிருந்து அந்த மரத்தையும் பிடுங்குவதா? சொல்லாமல் இருந்தால் வஜீதாவால் அந்த மரத்தடியில் வாய்விட்டு ஓத முடியாது. ரயிலேறிப் போனாலோ, யாரோ பெற்ற பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து தன் புருஷன் பெயரைச் சொல்லிவிட்டு வர வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

மறுநாள், பயணம் சொல்லிக்கொண்டு வருகிறேன் என்று கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினாள். தாயத்து முந்தானையில் முடிந்திருந்தது. மரத்தடியில் எப்போதும்போலக் கொஞ்ச நேரம் உட்காருவது, உதடு அசையாமல் மனசுக்குள்ளேயே ஓதிவிடுவது, முகத்தில் எதையும் காட்டாமல் திரும்பிவிடுவது. இவ்வளவுதான் திட்டம். வழியெல்லாம் முகத்தைச் சரிபண்ணிக்கொண்டே போனாள்.

கடலை பிடுங்கி முடித்த கொல்லை வெறிச்சென்று கிடந்தது. புங்கமரத்தடியைப் பார்த்ததும் அவள் நின்றுவிட்டாள். எப்போதும் அங்கே இருக்கும் அகல்விளக்கு இல்லை. அடிமரத்தில் அப்பியிருந்த மஞ்சளும் குங்குமமும் தேய்த்துக் கழுவப்பட்டிருந்தன. தரையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, ஒரு புதுக் கோரைப்பாய் விரித்திருந்தது. வெள்ளையம்மாள் தள்ளிப்போய் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன.

"வந்துட்டியா? நீ வருவேனு தெரியும்," என்றாள். "நீங்க மேக்கால பாத்துதான ஓதுவீங்க? அப்டிதான் பாயப் போட்டிருக்கேன். செரியா இருக்குதானு பாத்துக்க."

"பெரிம்மா..." என்று ஆரம்பித்த வஜீதாவுக்கு, வழியெல்லாம் சரிபண்ணி வைத்த முகம் அங்கேயே கலைந்துவிட்டது.

"நான் அந்தத் தாயத்தக் கண்ணுல ஒத்திக்கினவ, கண்ணு. அது யாரு கையிலேர்ந்து வந்துச்சுனு எனக்குத் தெரியாதா?" கிழவி எழுந்து வரவில்லை. "பத்து வருசமா வெளக்கு ஏத்தி, சூடம் காட்டி, அந்தப் புள்ளக்கி ஆகாததெல்லாம் பண்ணிட்டேன். தெரியாம பண்ணேன். உன் ஊட்டுக்காரர்கிட்ட சொல்லு, மன்னிச்சிக்கச் சொல்லு."

வஜீதா பாயில் போய் உட்கார்ந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பத்து வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பாத்திஹா, பாதியில் அறுந்து அறுந்து வந்தது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். 

முடித்துவிட்டு எழுந்துபோய்த் தாயத்தை முந்தானையிலிருந்து அவிழ்த்து வெள்ளையம்மாளின் உள்ளங்கையில் வைத்தாள். சுப்பிரமணியின் உடம்பில் கடைசியாக இருந்த பொருள் அது. கிழவி அதை மூடிப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ரயிலேறப் போறியே," என்றாள். "என்னையும் கூட்டினு போ. எம்புள்ளயப் பாக்கணும். பொம்பளைங்க உள்ள வரக் கூடாதுன்னா, நான் வெளியவே நின்னு பாத்துக்கறேன்."

வஜீதா அவள் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"உள்ளயே போலாம் பெரிம்மா. யாரு தடுக்கறாங்கனு நான் பாத்துக்கறேன்."