பழனிமுத்துவின் இடப்பக்கம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் ஆண்டு ஆடி மாதத்து இரண்டாம் ஞாயிறு பின்நேரத்திலிருந்து ஏழு வருடங்களுக்குப் பழனிமுத்துவின் இடப்பக்கமாக எதுவும் கடந்து போகவில்லை. முதலில் நின்றது பந்து. கொட்டாஞ்சேனை விடிவெள்ளி கிளப்புக்கு அவன் இடது பேக்காக இறங்கிய முதல் ஆட்டம் அது. எதிரணிக்காரன் ஓங்கி உதைத்த பந்து அவனுடைய இடது தோளுக்கு நேரே வந்ததும், சுமை இறக்கிவைத்த ஆள் மாதிரிப் புல்லில் உட்கார்ந்துகொண்டது. பழனிமுத்து காலைத் தூக்கவே இல்லை. காற்று இறங்கிவிட்டதோ என்று நடுவர் பந்தை அமுக்கிப் பார்த்தார். காற்றெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அன்றைக்குப் பதினெட்டுத் தடவை அது அப்படி உட்கார்ந்தது. விடிவெள்ளி ஒரு கோல் போட்டு வென்றது. மறுநாள் கடைத்தெருவில் அரிசி விலை ஏறியதையும் இதையும் ஒரே மூச்சில் கதைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போனார்கள்.

பழனிமுத்து அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். பதினேழு வயதில் கொழும்புக்கு வந்து துறைமுகத்தில் நிலக்கரிக் கூடை தூக்கினான். வெறுங்காலோடு பந்தடிக்கிறவர்களில் அவன் ஒன்றும் பெரிய கெட்டிக்காரன் இல்லை. உண்மையைச் சொன்னால் பந்தைக் கண்டால் கொஞ்சம் பயம்கூட உண்டு. அவனைக் கெட்டிக்காரனாக்கியது பௌஸி. கொட்டாஞ்சேனையில் சாமான்கடை வைத்திருந்த பௌஸிதான் கிளப்புக்குச் செயலாளர், பயிற்சியாளர், எலுமிச்சம்பழம் நறுக்கிக் கொடுப்பவர் எல்லாம். சீலை அளக்கிற கெஜக்கோலைக் கொண்டுவந்து, பழனிமுத்துவின் இடப்பக்கம் எவ்வளவு தூரத்துக்குச் செல்லுபடியாகிறது என்று அளந்தார். இருபத்தாறு கெஜம். கோல் எட்டுக் கெஜம்தானே! வலது கம்பத்தை ஒட்டினாற்போல் நில், மற்றதை அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு கோல் காக்கும் புவாத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அவன் கம்பத்தில் சாய்ந்து கடலை உரித்துத் தின்று பழகி, நான்கு வருடத்தில் இடுப்பு பெருத்துவிட்டான்.

இப்படிப்பட்ட ஒருவனை எந்தக் கம்பெனி விடும்? முப்பத்து மூன்றில் ஒரு நிலக்கரிக் கம்பெனி விடிவெள்ளியை அப்படியே தன் அணியாக எடுத்துக்கொண்டது. சனிக்கிழமைகளில் பந்தடிப்பதற்கும் மற்ற நாட்களில் நிலக்கரிக் கிட்டங்கியின் வாசலில் சும்மா நிற்பதற்கும் பழனிமுத்துவுக்கு மாதச் சம்பளம். அவன் நின்ற காலத்தில் ஒரு கூடை கரிகூடக் களவு போகவில்லை. கொசு, ஈ, செக்கடித் தெருவின் சாக்கடை நாற்றம், கடல் காற்று, எல்லாமே அவனிடம் வந்து நின்றன. ஒரு தடவை வெள்ளவத்தையில் ஆட்டம் முடிந்து தண்டவாளத்துக்குப் பக்கத்தில் வேர்வை துடைத்துக்கொண்டிருந்தபோது கல்கிசையிலிருந்து வந்த ரயில் இருபது நிமிடம் நின்றுவிட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் ஓடிவந்து, தம்பி என்பதற்குச் சிங்களத்தில் மல்லி என்று விளித்து, கொஞ்சம் திரும்பி நில்லுங்கள் என்று தயவாகக் கேட்டுக்கொண்டார். திரும்பினான், ரயில் போயிற்று. அவனுக்கு உள்ளுக்குள் தலைகால் புரியாத பெருமை. கூடை தூக்கிக்கொண்டிருந்தவனுக்காக ரயில் நிற்கிறது என்றால் பின்னே?

முப்பத்து நான்கில் ராக்கம்மாவைக் கட்டினான். மணவறையில் தாலி கட்டும்வரை வலப்பக்கம் இருந்த பெண்ணை இடப்பக்கம் மாறி உட்காரச் சொல்வது வழக்கம். ராக்கம்மா எழுந்தாள், சுற்றினாள், இடது தோள்வரை வந்தாள், அங்கேயே நின்றாள். மூன்று தடவை முயன்றுவிட்டு, "எந்தப் பக்கமா இருந்தா என்னங்க, சோறு ஆறுது" என்று சொல்லி மறுபடியும் வலப்பக்கமே உட்கார்ந்துவிட்டாள். அவள் அப்படிப்பட்ட பெண். கொட்டாஞ்சேனையில் வரிசையாகக் கட்டிய லயத்து அறை ஒன்றில் வாசலைப் பார்த்துப் படுக்கிற புருஷனால் காற்று உள்ளே வராமல் வேர்த்துக் கொட்டியபோதும் ஓலை விசிறியை வீசிக்கொண்டு சிரிக்கத்தான் செய்தாள். முப்பத்தேழு தை மாதத்தில் அவள் முழுகாமல் இருப்பது தெரிந்தது. ஐப்பசி வந்தது, பிள்ளை வரவில்லை. தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று, சித்திரை வருடப்பிறப்பும் போயிற்று. டாக்டர்மார் பார்த்தார்கள், பிள்ளை சுகமாக இருக்கிறது, வளர்கிறது, வெளியே வர மட்டும் மாட்டேன் என்கிறது என்றார்கள். வலி எடுக்கும், அரை மணியில் அடங்கிவிடும். பழனிமுத்துவைப் பொரளைக்கு அனுப்பிப் பார்த்தார்கள், கல்கிசைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அவன் எங்கே நின்றாலும் ஒன்றாகவே இருந்தது. பதினெட்டு மாதச் சுமையோடு ராக்கம்மாவுக்கு எழுந்து நடக்க இயலவில்லை. முகம் மஞ்சளாகிவிட்டது. அவள் சிரிப்பதையும் நிறுத்திவிட்டாள். பழனிமுத்து தன் இடப்பக்கத்தைத் தானே வெறுத்தான். ஒரு நாள் கிட்டங்கிச் சுவரில் இடது தோளை மோதி மோதி அழுதான்.

மருத்துவச்சி வெள்ளையம்மாதான் கண்டுபிடித்தாள். ஆடித் திருவிழாவுக்குக் கொடியேறிய பிறகு ஒரு காலை ராக்கம்மாவின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தவள், சட்டென்று கையை எடுத்து, வாசலில் நின்ற பழனிமுத்துவைப் பார்த்தாள்.

"ஏப்பா, நீ எப்பவாச்சும் காப்புக் கட்டியிருக்கியா?"

"ஒருக்கா கட்டினேன் ஆத்தா. மொத மொத பந்தடிக்கப் போறப்ப, நல்லா ஆடணும்னு மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட்டு."

"அவுத்தியா?"

பழனிமுத்து தன் மணிக்கட்டைப் பார்த்தான். மாரியம்மன் திருவிழா தொடங்கும்போது நேர்ந்துகொண்டவர்களின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். அதுதான் காப்பு. கட்டிக்கொண்டவன் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கடைசி நாளில், கரகத்தைக் கடலில் விடுவதற்கு முன்னால், கட்டிய பூசாரியே அவிழ்க்க வேண்டும். முப்பத்தொன்றில் பூசாரி ராமையா வந்தபோது பழனிமுத்துவின் வலது மணிக்கட்டில் கரிக்கூடை கிழித்த புண் இருந்தது. போனால் போகிறதென்று இடது கையில் கட்டினார். அவிழ்க்கிற அன்றைக்கு அணி காலி நகரத்துக்கு ஆட்டத்துக்குப் போயிருந்தது. இவனும் எல்லையைத் தாண்டி ரயிலேறிவிட்டான். ஒரு மாதத்தில் கயிறு கரித்தூளில் இற்று எங்கேயோ விழுந்தது. விழுந்தால் தீர்ந்தது என்று இருந்துவிட்டான்.

"அறுந்து விழுந்தா முடிஞ்சு போச்சா? ஒன் எல்லை இன்னம் கட்டித்தான்டா கெடக்கு!" என்று வெள்ளையம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கூறுகெட்டவனே, அந்த எல்லையில பச்சப்புள்ளயும் மாட்டிக்கிட்டு நிக்குது."

கரகம் விடுகிற நாள் வருகிற சனிக்கிழமை. அன்று பின்நேரம் நாலரைக்குத்தான் வெள்ளவத்தை மைதானத்தில் கோப்பைக்கான கடைசி ஆட்டமும் இருந்தது. வென்றால் பழனிமுத்துவுக்கு வெள்ளவத்தையில் இரண்டு அறையும் குழாய்த் தண்ணீரும் உள்ள வீடு தருவதாகக் கம்பெனித் துரை வாக்குக் கொடுத்திருந்தார். கரகம் கடலில் போய்விட்டால் காப்பை அவிழ்க்க அடுத்த ஆடிவரை பொறுக்க வேண்டும். ராக்கம்மா அதுவரை தாங்கமாட்டாள் என்று வெள்ளையம்மா அவள் காதில் விழாமல் சொன்னாள். பழனிமுத்து ஒரு கணமும் யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஒரு நாள் முழுக்க யோசித்தான். இடப்பக்கம் போய்விட்டால் தான் யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. ஏழு வருடமாகப் பந்தடித்தவனுக்கு ஒரு பந்தை எப்படித் தடுப்பது என்றுகூடத் தெரியாது. பிறகு எழுந்து, அண்ணன் முறையில் நானா என்று எல்லோரும் கூப்பிடும் பௌஸியின் கடைக்குப் போனான்.

"நானா, சனிக்கெழம மத்தியானம் காப்ப அவுக்கப் போறேன். அதுக்குப் பொறவு என்னால ஒன்னும் நிக்காது. என்னைய மன்னிச்சுக்கங்க" என்றான்.

பௌஸி சீனி நிறுத்துக்கொண்டிருந்த தராசை அப்படியே விட்டார். கோப்பையை வைக்கவென்று கடைக்குள் கண்ணாடி அலுமாரி செய்து, அதற்கு வார்னிஷும் அடித்து முடித்திருந்த மனிதர். அலுமாரியைப் பார்த்தார், பழனிமுத்துவைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"எனக்கு ஆறு புள்ளைகள் ஈக்கி, பழனி. ஒவ்வொண்டும் பொறக்கக்கொள்ள நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பெய்த்து அவுத்துட்டு வாங்கொ. கோல் உழுந்தா உழட்டும். அந்த அலுமாரில நான் சவுக்காரம் வெச்சு விக்கிறன்."

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, மஞ்சள் நீர் தெளித்த கோயில் முற்றத்தில், ராமையா பூசாரி பழனிமுத்துவின் வெறும் மணிக்கட்டைப் பிடித்து விரல்களால் தடவினார். சுற்றி நின்றவர்களுக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. "இந்தா இருக்கு, ரெண்டு முடிச்சு. நான்தான் போட்டேன்" என்று சொல்லி நகத்தால் நெருடினார். ஏழு வருட வேர்வையில் இறுகிப் போயிருந்ததால் கொஞ்சம் நேரம் எடுத்தது. இரண்டாவது முடிச்சு விட்டதும் முதலில் காற்று வந்தது. ஏழு ஆடிகளின் காற்று. பந்தல் ஓலை பறந்தது, நான்கு வேட்டிகள் போயின, பிறகு பட்டாளம் போலக் கொசுக்கள், அதற்குப் பின்னால் ஒரு கிழட்டுக் காகம். எல்லாம் அவனுடைய இடது தோளை உரசிக்கொண்டு போய் அடங்கின. பந்தலை இழுத்துக் கட்டிவிட்டுச் சனம் பூசையைத் தொடர்ந்தது. அரை மணியில் லயத்திலிருந்து ஆள் வந்தது: ராக்கம்மாவுக்கு வலி எடுத்திருக்கிறது, இந்தத் தடவை அடங்கவில்லை. ஓடிப்போய் வாசலில் நின்றவனை வெள்ளையம்மா கதவுக்கு வெளியே தள்ளினாள். "இங்க நின்னது போதும்! போயி பந்தடி போ."

நாலரைக்கு வலது கம்பத்தை ஒட்டி வழக்கம்போல நின்றான். விசில் ஊதியதும் தெரிந்துவிட்டது, கால்கள் வெறும் கால்கள்தான். ஆனாலும் வீடு வேண்டுமே என்று ஓடினான். விழுந்தான், புரண்டான், நெற்றியால் முட்டினான், ஒரு தடவை வெள்ளவத்தைக்காரனின் காலையே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் பந்தடித்தான். ஐந்து மணிக்கு ஒரு பந்து மெதுவாக, அவசரமே இல்லாமல் உருண்டு வந்தது. காலை நீட்டினான். பந்து அவனுடைய இடப்பக்கமாக, ஒரு சாண் தள்ளி, போயிற்று. புவாத் கையில் கடலையோடு அது தன்னைத் தாண்டிப் போவதைத் தூரத்துச் சொந்தக்காரனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். பழனிமுத்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "பொறந்துருச்சு! நானா, எம்புள்ள பொறந்துருச்சு!" என்று கத்தினான். எதிரணிக்காரர்கள்தான் முதலில் வந்து அவனைத் தூக்கினார்கள்.

அதற்குப் பிறகும் அவன் மூன்று வருடம் ஆடினான். பந்தைத் தடுக்க இருபத்தைந்தாவது வயதில் படித்து, பத்துக்கு ஆறைத் தடுக்கிற அளவுக்கு வந்தான். மிச்ச நான்கைப் பற்றி அவனுக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. கிட்டங்கியில் கொஞ்சம் கரி களவும் போயிற்று. பௌஸியின் அலுமாரியில் சவுக்காரம் நன்றாக விற்றது. அதெல்லாம் பிறகு. அன்றைக்கு அவன் சேறு காயாத உடம்போடு ரயிலேறி, கோட்டையில் இறங்கி, கொட்டாஞ்சேனைவரை ஓடினான்.

பிள்ளை சரியாக ஐந்து மணிக்கு, தேவாலய மணி அடித்துக்கொண்டிருக்கும்போது பிறந்தது. பெண். கணக்குப் பார்த்தால் பிறக்கும்போதே எட்டு மாதம் என்பதால் இரண்டு பல் முளைத்திருந்தது, தலைமுடியைச் சீவிவிடவேண்டியிருந்தது. ராக்கம்மா களைத்துப்போய்ப் படுத்திருந்தாள், ஆனால் சிரித்தாள்.

"வெள்ளவத்தை வீடு?" என்றாள்.

"போச்சு புள்ள. ஒன்னுக்கு சைபர்."

"போகட்டும். இப்பதான் இங்க காத்து வருதே."

அவன் வாசல்படியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டினான். பிள்ளை பாயில் குப்புறப் புரண்டு, அப்பனை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தவழத் தொடங்கியது. நேரே வந்தது. நீட்டிய கைகளை ஏறெடுத்தும் பார்க்காமல், அவனுடைய இடது முழங்காலை உரசிக்கொண்டு, வாசற்படியைத் தாண்டி முற்றத்துக்குப் போயிற்று. பழனிமுத்து தடுக்கவில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வழிவிட்டான்.